சனிக்கிழமை காட்டு நடைக்குச் சரி சொல்லிவிட்டேன், இப்போது பயமாக இருக்கிறது

தென்காசிப்பெண் (செவ்வாய் இரவு)

எல்லோருக்கும் வணக்கம். ஜெர்மனிக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது, வேலையில் இன்னும் ப்ரோபெட்சைட்டில் (சோதனைக்காலம்) இருக்கிறேன். வரும் சனிக்கிழமை எங்கள் டீம் முழுவதும் காட்டுக்குள் நடக்கப் போகிறது. மலை மேல் கெல்ட் காலத்துக் கோட்டை (ரோமர்கள் வருவதற்கு முன் இங்கே இருந்த மக்கள் கட்டியது) ஒன்று இருக்கிறதாம், அதைப் பார்த்துவிட்டுச் சுற்றி வந்து கிளம்பிய இடத்திலேயே முடியுமாம், மொத்தம் 11 கி.மீ. மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் கேட்டார்கள், சரி என்று தலையாட்டிவிட்டேன். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. மெயிலில் 'ருக்சாக்ஃபெர்ஃப்ளேகுங்', 'ஃபெஸ்டெஸ் ஷூவெர்க்', 'ஐன்கேர்' என்று என்னென்னவோ போட்டிருக்கிறார்கள். இப்போது வரவில்லை என்று சொன்னால் வேலைக்கு ஏதாவது ஆகுமா? நாளை மாலைக்குள் எத்தனை பேர் என்று சொல்ல வேண்டும். தயவுசெய்து யாராவது சொல்லுங்கள்.

ட்ரியர்க்காரன்

கண்டிப்பாகப் போங்கள். எந்தக் கோட்டை என்று நீங்கள் சொல்லவில்லை. சார்லாந்து மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்றால் அது ஒட்ஸன்ஹவுஸன் ஊருக்கு மேலே, டோல்பெர்க் மலையில் இருக்கும் கோட்டையாகத்தான் இருக்கும். ஹுன்னன்ரிங் என்றும் சொல்வார்கள். ஹூணர்களுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர்கள் இந்தப் பக்கம் வந்தது கி.பி. 5ஆம் நூற்றாண்டில். கோட்டையோ அதற்கு முன்பே சில நூறு ஆண்டுகள் ஆளில்லாமல் கிடந்தது. யார் கட்டினார்கள் என்பது மறந்துபோன பிறகு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் அது.

கட்டியது ட்ரெவெரி என்ற கெல்ட் மக்கள். இந்த ட்ரியர் நகரத்தின் பெயரே அவர்களிடமிருந்து வந்ததுதான். மதிலின் மொத்த நீளம் 2 கி.மீ.க்கு மேல். வடக்குப் பக்கம் இன்றும் 10 மீட்டர் உயரத்துக்குக் கல் குவிந்து கிடக்கிறது, அடியில் அகலம் 40 மீட்டர். மரச்சட்டம் கட்டி அதற்குள் கல்லை அடுக்கியிருக்கிறார்கள். மரம் மக்கிப் போனதும் சுவர் சரிந்து கல்மேடாகிவிட்டது. நான் முதல் தடவை பார்த்தபோது இது மதில் என்றே எனக்குத் தெரியவில்லை, மலையே உடைந்து விழுந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

நான் வந்த வருடம் நவம்பரில் மூன்று வாரம் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தேன். வீடு கிடைக்கவில்லை, ஒரு மாணவர் விடுதியில் தரையில் படுத்தேன். அப்போது ஒருவர் என்னைக் காட்டுக்கு நடக்க அழைத்தார். போகவில்லை. அதற்குப் பிறகு யாரும் என்னை அழைக்கவே இல்லை. அதனால்தான் சொல்கிறேன், போங்கள்.

இரண்டுபிள்ளைஅம்மா

அவர் கேட்டது வரலாறு இல்லை. தங்கச்சி, வார இறுதி நடைக்கு வரவில்லை என்பதற்காக யாரும் வேலையை விட்டு எடுக்க மாட்டார்கள். உடம்பு சரியில்லை என்று ஒரு வரி எழுதுங்கள், விஷயம் முடிந்தது. எனக்கும் இப்படித்தான், வந்த மூன்றாம் மாதம் ஒரு நடைக்குக் கூட்டிப்போனார்கள். பாதி வழியில் மழை. சாதாரண ஷூ, சாதாரண ஜாக்கெட். ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தேன், அப்போது எனக்கு வீட்டு டாக்டர்கூடக் கிடையாது. புது நோயாளிகளை எடுப்பதில்லை என்று நான்கு இடத்தில் திருப்பி அனுப்பினார்கள்.

காட்டுநடை

பொய்க்காரணம் வேண்டாம் அக்கா. திங்கட்கிழமை எல்லோரும் 'இப்போது எப்படி இருக்கிறது' என்று கேட்பார்கள், அதற்கு இன்னொரு பொய் சொல்ல வேண்டிவரும்.

அந்தச் சொற்களுக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. ருக்சாக்ஃபெர்ஃப்ளேகுங் என்றால் சாப்பாடும் தண்ணீரும் அவரவர் பையில் கொண்டுவர வேண்டும், வழியில் கடை கிடையாது. ஃபெஸ்டெஸ் ஷூவெர்க் என்றால் கெட்டியான, பிடிமானம் உள்ள ஷூ. ஐன்கேர் என்றால் நடை முடிந்ததும் ஒரு உணவகத்தில் உட்காருவார்கள். வேறு எதுவும் சொல்லவில்லை என்றால் அங்கே அவரவர் பில்லை அவரவர்தான் கட்ட வேண்டும், கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள்.

ஷூவில் மட்டும் கஞ்சம் பார்க்காதீர்கள். கணுக்கால் மூடும் நடை ஷூ, நல்லது வேண்டுமென்றால் 120 யூரோவாவது ஆகும்.

ட்ரியர்க்காரன்

120 யூரோவா? ஆறு வாரம்தான் ஆகிறது என்கிறார், முழு மாதச் சம்பளம் ஒன்றுதான் வந்திருக்கும். நான் சென்னையில் வாங்கிய ஓட்ட ஷூவில் ஐந்து வருடம் நடந்தேன், அதே கோட்டைக்கும் போனேன்.

காட்டுநடை

கோடையில் போயிருப்பீர்கள், இது நவம்பர். அந்தக் கல் குவார்ட்சைட். மேலே ஈர இலை கிடந்தால் வழுக்கும். மதில் மேல் ஏறப் படி இருக்கிறது, இறங்கும்போதுதான் ஆபத்து. சரி, 120 வேண்டாம், அடியில் நல்ல பள்ளம் உள்ள ஷூ 40 யூரோவுக்கே டெகாத்லானில் கிடைக்கும். புது ஷூவை நேராகச் சனிக்கிழமை போடாதீர்கள், நாளையே வாங்கி இரண்டு நாள் ஆபீஸுக்குப் போட்டுப் பழகுங்கள்.

ஹம்_அண்ணன்

தங்கச்சி, பயப்பட வேண்டாம். நான் 1986இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். அந்தக் காலத்தில் எங்களுக்கு நடை என்றால் அகதி முகாமிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து முகாமுக்கும்தான். முதல் பனிக்காலத்துக்கு ஒரு மெல்லிய சாரமும் ஒரு கோட்டும்தான் இருந்தது. இந்தச் சனங்கள் கதைக்க மாட்டார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் காட்டில் பக்கத்தில் நடக்கும்போது கதைப்பார்கள். முகம் பார்த்துக் கதைப்பது அவர்களுக்கும் கஷ்டம், பாதையைப் பார்த்துக்கொண்டு கதைப்பது லேசு. நான் டொச்சு (ஜெர்மன் மொழி) பழகியது வகுப்பில் இல்லை, வேலைத்தலத்தில் கூட இருந்த ஒருவருடன் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்துதான்.

மெயின்ஸ்_மாணவன்

எனக்கு வந்து எட்டு மாதம். 'குட்டன் மோர்கன்' தவிர யாரும் எதுவும் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை, பஸ் இல்லை. நாலு மணிக்கே இருட்டத் தொடங்குகிறது. இதில் காட்டுக்குள் போய் என்ன பார்ப்பது?

இரண்டுபிள்ளைஅம்மா

அதேதான் தம்பி. எங்கள் கட்டடத்தில் ஐந்து வருடமாக மேல்மாடியில் இருப்பவர் பெயர் எனக்குத் தெரியாது. குழந்தை ஓடினால் மட்டும் கதவைத் தட்டுவார். வீடு தேடியது ஒரு தனிக் கதை, எழுபது விண்ணப்பம் போட்டோம்.

ட்ரியர்க்காரன்

எழுபதா, நான் நூற்றுக்கு மேல் போட்டேன். அதில் ஒருவர் முன்பணம் கேட்டு, கொடுத்த பிறகு காணாமல் போனார்.

காட்டுநடை

வீட்டுக்கதையை வேறு இழையில் வைத்துக்கொள்வோம், அந்தப் பெண்ணுக்கு நாளைக்குள் பதில் வேண்டும். தென்காசிப்பெண், நீங்கள் நான்கு விஷயம் சொல்லவில்லை. எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள்? எங்கிருந்து? நீங்கள் எப்படிப் போகப் போகிறீர்கள்? 'எத்தனை பேர்' என்று சொல்ல வேண்டும் என்கிறீர்களே, உங்களோடு வேறு யார்?

தென்காசிப்பெண் (புதன் காலை)

மன்னிக்கவும், பதற்றத்தில் எழுதிவிட்டேன். பகல் 12 மணிக்கு நொன்வைலர் அணைப் பக்கம் சேர வேண்டும். என்னிடம் கார் இல்லை, டொச்சுலாண்ட் டிக்கெட் (நாடு முழுவதும் பஸ், உள்ளூர் ரயிலுக்கான மாதச் சீட்டு) இருக்கிறது. அப்பாவும் வருகிறார். எனக்கு வீடு செட் ஆகும்வரை கூட இருக்கலாம் என்று விசிட்டர் விசாவில் வந்திருக்கிறார். குடும்பத்தோடு வரலாம் என்று மெயிலில் இருந்ததால் அவரிடம் சொன்னேன், அவர் பையெல்லாம் எடுத்து வைத்துவிட்டார். பொதுப்பணித் துறையில் இருந்தவர், மதில் என்றதும் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார். வயது 66. சர்க்கரை இருக்கிறது, இன்சுலின் போடுகிறார். முழங்காலும் கொஞ்சம் வலி. அவரை வீட்டில் தனியாக விட்டுப் போகவும் மனமில்லை. உண்மையில் எனக்குப் பயமே அதுதான்.

இரண்டுபிள்ளைஅம்மா

ஐயோ, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. நான் உடம்பு சரியில்லை என்று எழுதச் சொன்னதை எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்பாவின் பயணக் காப்பீட்டு ஆவணத்தை இன்றே எடுத்துப் படியுங்கள். இந்த விசிட்டர் விசாவுக்கு (ஷெங்கன் விசா) குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள், அது இருக்கும். ஆனால் ஏற்கெனவே இருக்கும் நோயைப் பல காப்பீடுகள் சேர்ப்பதில்லை. சர்க்கரை அதில் உண்டா என்று பாருங்கள். ஆவணத்தின் நகல் ஒன்று அவர் சட்டைப்பையில் இருக்கட்டும்.

காட்டுநடை

இப்போது சரியாகச் சொல்ல முடியும். அப்பா 11 கி.மீ. முழுச் சுற்றும் நடக்க வேண்டாம். 12 மணிக்குக் கிளம்பி, கோட்டையில் நின்று சாப்பிட்டு, படம் எடுத்து வந்தால் நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. நவம்பர் நடுவில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும், மரத்துக்குள் இன்னும் சீக்கிரம் இருட்டும். முழங்கால் வலி உள்ளவர் கடைசி மூன்று கி.மீ.யை அவசரமாக நடக்க வேண்டியிருக்கும். விழுவது அப்போதுதான்.

ஆனால் கோட்டையைப் பார்க்க முழுச் சுற்று தேவையே இல்லை. ஒட்ஸன்ஹவுஸன் பக்கத்திலிருந்து, மதிலுக்குக் கீழேயே கார் நிறுத்துமிடம் இருக்கிறது. அங்கிருந்து ஏறினால் நிதானமாக நடப்பவரும் ஒரு மணி நேரத்துக்குள் வடக்கு மதிலை எட்டிவிடலாம். ஏற்றம் உண்டு, நின்று நின்று போகட்டும். உங்கள் டீம் சுற்றி வரும்போது மதிலில் சந்தித்துக்கொள்ளலாம்.

பஸ்ஸை நம்ப வேண்டாம். சார்ப்ரூக்கன் பக்கமிருந்து வருவதென்றால் ரயிலில் டுர்க்கிஸ்ம்யூலெ நிலையம் வந்து பஸ் மாற வேண்டும். போவதற்கு இருந்தாலும், திரும்ப இருட்டில் அப்பாவோடு நிறுத்தத்தில் நிற்பது நல்லதில்லை. உங்கள் டிக்கெட்டில் அப்பா வர முடியாது, அவருக்குத் தனியாக எடுக்க வேண்டும். ஏற்பாடு செய்பவரிடம் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்: அப்பாவுக்குச் சர்க்கரை, முழங்கால் வலி, கார் இல்லை, கீழ் நிறுத்துமிடத்திலிருந்து மட்டும் நடக்க விரும்புகிறோம், யாராவது காரில் இடம் தர முடியுமா. இப்படி நேராகக் கேட்பதை இங்கே யாரும் தவறாக எடுப்பதில்லை. கேட்காமல் வந்து பாதி வழியில் சிரமப்பட்டால்தான் எல்லோருக்கும் கஷ்டம்.

ஹம்_அண்ணன்

அப்பாவுக்கு என்ன சாப்பாடு கட்டப் போகிறீர்கள்? புளிச்சோறு, ஒரு ஃப்ளாஸ்கில் சுடுதண்ணீர். தயிர்ச்சோறு அந்தக் குளிரில் இறங்காது. கொஞ்சம் கூடக் கட்டுங்கோ, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கொடுக்கலாம்.

இரண்டுபிள்ளைஅம்மா

சர்க்கரைக்காரருக்குச் சோறு மட்டும் கட்டாதீர்கள் அண்ணா. அவித்த முட்டை, சுண்டல், சப்பாத்தி வைக்கட்டும். என் மாமனாரும் இன்சுலின்தான். நடக்கும் நாளில் சர்க்கரை இறங்கும். ஊரில் அவர் பார்க்கும் டாக்டரிடம் இன்றே போனில் கேளுங்கள், அன்று காலை அளவைக் குறைக்க வேண்டுமா என்று. நாமாக எதையும் மாற்றக்கூடாது. குளுக்கோஸ் மாத்திரையோ பழச்சாறோ அப்பாவின் பையிலேயே இருக்க வேண்டும், உங்கள் பையில் இல்லை. சோதிக்கும் கருவியை உள்ஜாக்கெட்டில் வையுங்கள், குளிரில் அது வேலை செய்யாமல் போகும். இன்சுலின் பேனாவும் உறையக்கூடாது, அதையும் உள்ளேயே வையுங்கள்.

ட்ரியர்க்காரன்

உண்ணியையும் சொல்லுங்கள். குளிர் குறைந்த நாளில் நவம்பரிலும் இருக்கும். பாதையை விட்டுப் புல்லுக்குள் போக வேண்டாம், பேன்ட்டை சாக்ஸுக்குள் விடுங்கள், வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குப் பின்னால், இடுப்பு, அக்குள் எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் சீக்கிரம் எடுத்துவிட வேண்டும். சில வாரத்துக்குள் சிவப்பு வட்டம் பரவினால் டாக்டர். அது போரெலியோஸெ (உண்ணி கடித்து வரும் லைம் நோய்), அதற்குத் தடுப்பூசி கிடையாது.

இன்னொன்று, இது வேட்டைப் பருவம். பாதையை அடைத்துப் பலகை வைத்திருந்தால் தாண்டாதீர்கள். காட்டில் சில இடங்களில் எண் போட்ட மீட்புப் பலகை இருக்கும், அவசர எண் 112க்கு அழைத்தால் அந்த எண்ணைச் சொல்லலாம். சிக்னல் விட்டு விட்டு வரும், வரைபடத்தை முன்பே போனில் இறக்கிக்கொள்ளுங்கள்.

தென்காசிப்பெண் (புதன் இரவு)

எழுதிவிட்டேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. டீமில் ஒருவர் கால் ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் தேறி வருகிறாராம், அவரும் கீழ் நிறுத்துமிடத்திலிருந்துதான் நடக்கிறாராம். அவர் காரில் எங்கள் இருவருக்கும் இடம் இருக்கிறது. இத்தனை நாள் இதைக் கேட்கவே பயந்திருக்கிறேன்.

தென்காசிப்பெண் (ஞாயிறு)

போய்விட்டு வந்தோம். அப்பா வடக்கு மதில் முன்னால் பத்து நிமிடம் பேசவே இல்லை. அப்புறம் கீழே கிடந்த கல்லையெல்லாம் பார்த்து, சுண்ணாம்பு இல்லாமல் இவ்வளவு உயரம் எப்படி நிறுத்தினார்கள், மரச்சட்டத்தை எத்தனை அடிக்கு ஒன்று வைத்தார்கள் என்று ஆரம்பித்துவிட்டார். கார் கொண்டுவந்தவருக்கும் இந்த இடம் அத்துப்படி. சீஸர் காலத்து ரோமர்களின் படைமுகாம் ஒன்றை ஹெர்மெஸ்கைல் பக்கம், இங்கிருந்து ஐந்தாறு கி.மீ. தூரத்தில் தோண்டி எடுத்திருக்கிறார்கள் என்றார். அந்தப் படை வந்த சமயத்தில்தான் கோட்டைக்காரர்கள் இதை விட்டுப் போயிருக்கிறார்கள். உள்ளே ஒரு ஊற்று இருக்கிறது. தண்ணீர் இருந்தும் ஏன் போனார்கள் என்று அப்பா கேட்டார், நான்தான் தெரிந்த அளவுக்கு மொழிபெயர்த்தேன்.

மதிலில் உட்கார்ந்தபோது அப்பாவுக்கு வேர்த்தது. சோதித்தோம், சர்க்கரை 66க்கு இறங்கியிருந்தது. அவர் பையிலேயே பழச்சாறு இருந்தது, குடித்துப் பதினைந்து நிமிடத்தில் ஏறிவிட்டது, பிறகு சப்பாத்தி சாப்பிட்டார். இரண்டுபிள்ளைஅம்மா, அது நீங்கள் சொன்னதால் இருந்தது.

ஒரு கேள்வி. இரண்டு நாளாக அடிக்கடி சோதித்ததில் ஊரிலிருந்து கொண்டுவந்த ஸ்ட்ரிப் தீரப்போகிறது. இங்கே வாங்க டாக்டர் சீட்டு வேண்டுமா?

இரண்டுபிள்ளைஅம்மா

வேண்டாம், அபோதேக்கெயில் (மருந்துக்கடை) காசு கொடுத்தே வாங்கலாம். அந்தக் கருவிக்கான ஸ்ட்ரிப் இங்கே கிடைக்காமலும் போகலாம், கருவியைக் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள். இல்லையென்றால் இங்கே கிடைக்கும் புதுக் கருவி ஒன்றை ஸ்ட்ரிப்போடு சேர்த்து வாங்கிவிடுங்கள். இன்சுலின் எத்தனை நாளுக்கு இருக்கிறது என்றும் இன்றே எண்ணிப் பாருங்கள். அதற்குக் கட்டாயம் டாக்டர் சீட்டு வேண்டும்.

தென்காசிப்பெண்

எண்ணிவிட்டேன் அக்கா, ஐந்து வாரத்துக்கு இருக்கிறது. அவர் திரும்பிப் போக மூன்று வாரம்தான்.