சிறுதொழில் வளர்ச்சிக்குக் காரணமா, வளர்ச்சி தடைபட்டதன் அடையாளமா?

வினாக்குறி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் பொருளியல் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி. சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் பொருளாதார வளர்ச்சியில் வகிக்கும் பங்கு பற்றி ஆய்வேடு எழுதத் தொடங்கி, முதல் அத்தியாயத்திலேயே தேங்கி நிற்கிறேன். எந்தப் பாடநூலைத் திறந்தாலும் இத்தொழில்களே பொருளாதாரத்தின் முதுகெலும்பு என்ற வாக்கியம்தான் முதலில் வருகிறது. உலக வங்கி தரும் கணக்கின்படி, உலகிலுள்ள தொழில் நிறுவனங்களில் ஏறத்தாழ 90 விழுக்காடும், வேலைவாய்ப்பில் பாதிக்கு மேற்பட்ட பங்கும் இவற்றைச் சேர்ந்தவை; வளர்ந்துவரும் நாடுகளில் முறையாகப் பதிவுபெற்றவை மட்டுமே நாட்டு வருமானத்தில் 40 விழுக்காடு வரை ஈட்டித் தருகின்றன.

இந்த எண்கள் ஒரே நாடுகளின் தொகுப்பிலிருந்து எடுக்கப்பட்டவை அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆயினும் நிறுவனங்களில் 90 விழுக்காடாக இருந்தும் வருமானத்தில் 40ஐத் தாண்டவில்லை என்பதைப் பெருமையாகச் சொல்வதா, குறையாகச் சொல்வதா என்று எனக்கு விளங்கவில்லை. ஏழை நாடுகளில் மிகச் சிறிய நிறுவனங்கள் மலிந்திருப்பதையும், செல்வ நாடுகளில் தொழிலாளர்களில் அங்கிருப்பதைவிடக் கூடுதல் பங்கினர் பெரிய நிறுவனங்களில் பணிபுரிவதையும் பார்க்கும்போது, சிறுதொழில் வளர்ச்சியைத் தருகிறதா, அல்லது வளர்ச்சி நின்றுபோன இடத்தில் மக்கள் ஒதுங்கும் திண்ணையாக இருக்கிறதா என்ற ஐயம் எழுகிறது. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஏட்டுச்சுரைக்காய்

உங்கள் ஐயம் நியாயமானது. இதைப் பல ஆண்டுகளாகக் கற்பித்துவரும் எனக்கும் அந்த முதுகெலும்பு வாக்கியத்தின் மீது நல்லெண்ணம் கிடையாது.

வரையறையை முதலில் முடித்துவிடுவோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 பேருக்குக் குறைவாகப் பணிபுரிய வேண்டும், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி யூரோவைத் தாண்டாதிருக்க வேண்டும் அல்லது சொத்து மதிப்பு 4.3 கோடி யூரோவுக்குள் இருக்க வேண்டும். அமெரிக்காவிலோ, உற்பத்தித் துறையில் 500 முதல் 1,500 பேர் வரை வைத்திருக்கும் நிறுவனத்தையும் துறையைப் பொறுத்துச் சிறியது என்றே கொள்கிறார்கள். ஆகவே நாடுகளுக்கிடையே ஒப்பிடுவதாயின், அந்தந்த நாட்டின் சட்டம் சொல்லும் பெயரை விட்டுவிட்டு, பணியாளர் எண்ணிக்கையை நீங்களே வகைப்படுத்திக்கொள்வது நல்லது.

இனி மூலக் கேள்விக்கு வருகிறேன். வேலைவாய்ப்பைப் பெருக்குபவை சிறு நிறுவனங்களே என்ற கருத்து வலுப்பெற்றது 1979இல் டேவிட் பர்ச் வெளியிட்ட அமெரிக்க ஆய்வுக்குப் பிறகுதான். 1969 முதல் 1976 வரையிலான தரவுகளைக் கொண்டு, நிகரமாகத் தோன்றிய புதிய வேலைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, 20 பேரோ அதற்குக் குறைவாகவோ பணிபுரியும் நிறுவனங்களில் தோன்றியதாக அவர் கூறினார். அரசுகள் அதைப் பற்றிக்கொண்டன. ஆனால் 2013இல் ஹால்டிவாங்கர், ஜார்மின், மிராண்டா ஆகிய மூவரும் மிக விரிவான அமெரிக்கத் தரவுகளில் நிறுவனத்தின் அளவோடு அதன் வயதையும் சேர்த்துப் பார்த்தபோது, அளவுக்கும் வளர்ச்சிக்கும் இருந்ததாகக் கருதப்பட்ட தொடர்பு கரைந்துபோயிற்று. வேலைகளைத் தோற்றுவிப்பவை இளம் நிறுவனங்கள். அவை பிறக்கும்போது சிறியவையாக இருப்பதால், சிறுமைக்கே அந்த ஆற்றல் உண்டு என்ற தோற்றம் ஏற்பட்டிருந்தது. அந்த இளம் நிறுவனங்களிலும் பெரும் எண்ணிக்கையானவை முதல் சில ஆண்டுகளிலேயே மூடப்படுகின்றன என்பதையும், எஞ்சியவற்றுள் ஒரு சிலவே வேகமாக வளர்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது.

காரணமா, அடையாளமா என்பதை நேரடியாகவே சோதித்தவர்கள் பெக், டெமிர்குச்-குன்ட், லெவைன் ஆகியோர். 45 நாடுகளின் தரவுகளைக் கொண்டு 2005இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், சிறு, நடுத்தரத் தொழில்துறை பெரிதாக இருக்கும் நாடுகள் வேகமாக வளர்ந்திருப்பது தெரிந்தது. ஆனால் முன்னது பின்னதை விளைவிக்கிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. வறுமையைக் குறைப்பதற்கும் சான்று கிடைக்கவில்லை. இதைப் படித்துவிட்டுச் சிறுதொழிலால் பயனில்லை என்று எழுதிவிடாதீர்கள். சொத்துரிமையும் ஒப்பந்தமும் கடன் வசதியும் சீராக இருக்கும் நாட்டில் சிறுதொழிலும் தழைக்கும், வளர்ச்சியும் தழைக்கும் என்பதே அதற்கு நான் கொள்ளும் பொருள்.

சம்மட்டி

மேலே எழுதிய பேராசிரியர் ஐயாவின் விளக்கம் நன்றாக இருக்கிறது. நான் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் பட்டறையை 22 ஆண்டுகளாக நடத்திவருகிறேன். உள்ளிருந்து பார்க்கும்போது தெரிவதைச் சொல்கிறேன், மாணவிக்குப் பயன்படலாம்.

பெரிய ஆலையால் செய்ய முடியாத வேலை என்று ஒன்றும் இல்லை. செய்தால் கட்டுப்படியாகாத வேலை என்று நிறைய உண்டு. 40 உருப்படி மட்டும் வேண்டும், அதுவும் நாளை மறுநாளுக்குள் வேண்டும் என்றால், இலட்சக்கணக்கில் வார்ப்பதற்காக அமைத்த இயந்திர வரிசையை நிறுத்தி அச்சு மாற்ற எந்த மேலாளரும் ஒப்பமாட்டார். அந்த வேலை எங்களிடம் வருகிறது. நாங்கள் இல்லாவிட்டால் ஒரு தேய்ந்த பல்சக்கரத்துக்காகப் பெரிய ஆலை நாள்கணக்கில் நிற்கும். எங்கள் பங்கை எங்கள் விற்றுமுதலை மட்டும் வைத்து அளந்தால், அப்படி நிற்காமல் ஓடிய நாள்கள் கணக்கில் வராமல் போய்விடும்.

அடுத்தது பணம் வந்துசேரும் காலம். மூலப்பொருளுக்கு உடனே பணம் கட்ட வேண்டும், கூலியை வாரந்தோறும் கொடுக்க வேண்டும். பொருளைச் செய்து முடிக்க 20 நாள் ஆகிறது, பில் கொடுத்தபின் 90 நாள் கழித்துத்தான் பணம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 110 நாள் செலவு எப்போதும் வெளியே நிற்கும். அதாவது ஓர் ஆண்டுச் செலவில் பத்தில் மூன்று பங்கு. ஆர்டர் இரண்டு மடங்கானால் வெளியே நிற்கும் பணமும் இரண்டு மடங்காகும். இலாபத்தில் ஓடும் பட்டறைகள் மூடப்படுவது இதனால்தான். ஒருமுறை எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் ஏழு மாதம் கழித்துப் பணம் கொடுத்தார். பணம் முழுதாக வந்துவிட்டது, அதில் குறையில்லை. ஆனால் அதற்குள் 14 பேராக இருந்த நாங்கள் 9 பேர் ஆகியிருந்தோம். போன ஐவரில் இருவர் நான் கைப்பிடித்துத் தொழில் கற்றுக்கொடுத்தவர்கள்.

எனவே, தங்கையே, பெரிய நிறுவனங்களுக்குக் கடன் கொடுப்பவர்கள் வங்கிகள் மட்டுமல்ல என்று உங்கள் ஆய்வேட்டில் ஒரு வரியாவது எழுதுங்கள். எங்களைப் போன்றவர்கள் வட்டியில்லாமல் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பேரேடு

தொழிற்கடன் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், வங்கியின் பக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

சிறிய கடனை ஆராயவும் பெரிய கடனை ஆராயவும் ஏறத்தாழ ஒரே உழைப்புத்தான் ஆகிறது. வரும் வட்டியோ கடன் தொகைக்கு ஏற்பத்தான் வரும். தணிக்கை செய்த கணக்குகள் இல்லாத நிலையில் விண்ணப்பதாரரின் திறமையை அறிய வங்கிக்கு வழியில்லாததால், திறமைக்குப் பதிலாக நிலப்பத்திரத்தைக் கேட்கிறது. சொத்துள்ளவருக்குக் கடன், திறமையுள்ளவருக்குக் கைவிரிப்பு என்று முடிவது இதன் விளைவே. அனைத்துலக நிதிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, வளரும் நாடுகளில் முறைப்படி இயங்கும் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களில் 40 விழுக்காட்டுக்கு, அதாவது 6.5 கோடி நிறுவனங்களுக்கு, தேவையான கடன் கிடைப்பதில்லை. ஆண்டுதோறும் விழும் பற்றாக்குறை 5.2 இலட்சம் கோடி டாலர்.

இதில் திறமை வீணாகிறது என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று இலங்கையில் நடந்த ஒரு கள ஆய்வு. டி மெல், மெக்கன்சி, உட்ரஃப் ஆகியோர் மிகச் சிறு தொழில் செய்வோரில் குலுக்கல் முறையில் தெரிந்தெடுத்த சிலருக்கு 100 அல்லது 200 டாலர் மதிப்புள்ள உதவியை இலவசமாக அளித்துப் பார்த்தார்கள். அந்த மூலதனம் மாதத்துக்கு ஏறத்தாழ 5 விழுக்காடு வருவாய் ஈட்டியது; வழக்கமான வங்கி வட்டி அதன் அருகில் வராது. ஆனால் அதே ஆய்வின் தொடர்ச்சியில், பெண்கள் நடத்திய தொழில்களில் சராசரியாக அத்தகைய வருவாய் தென்படவில்லை. பணம் மட்டும் கொடுத்தால் போதும் என்று நம்பியிருந்த என்னை அந்த முடிவு வெகுநாள் யோசிக்க வைத்தது.

சம்மட்டி ஐயா கூறிய சிக்கலுக்கு, மெக்சிகோவின் நாசியோனல் ஃபினான்சியேரா என்ற அரசு வளர்ச்சி வங்கி 2001இல் தொடங்கிய மின்னணுத் தளம் ஒரு நல்ல விடை. பெரிய கொள்முதலாளர் தாம் கொடுக்க வேண்டிய பில்லைத் தளத்தில் ஏற்றுக்கொண்டவுடன், சிறு நிறுவனம் அதைச் சற்றுக் குறைந்த விலைக்கு வங்கியிடம் விற்று உடனே பணம் பெறலாம். பின்னால் பணம் கட்ட வேண்டியவர் கொள்முதலாளர் என்பதால், வங்கி பார்க்க வேண்டியது அவருடைய நாணயத்தைத்தான். சிறு நிறுவனத்தின் நிலப்பத்திரத்தை அல்ல. சட்டத்தால் தீர்க்கும் வழியும் உண்டு: 2011இன் ஐரோப்பிய நெறிமுறை, பொதுவாக நிறுவனங்களுக்கிடையே 60 நாள் என்றும் அரசு அமைப்புகளுக்கு 30 நாள் என்றும் வரம்பு கட்டி, தாமதத்துக்கு வட்டியும் விதித்தது. ஆனால் வாடிக்கையாளரை இழக்கத் துணிந்தவர்தான் அந்த வட்டியைக் கேட்க முடியும்.

வினாக்குறி

மூவருக்கும் நன்றி. ஒரு தொடர்கேள்வி. மாதம் 5 விழுக்காடு ஈட்டக்கூடிய தொழிலாக இருந்தால், இலாபத்தை மீண்டும் மீண்டும் போட்டுச் சில ஆண்டுகளிலேயே பெரிதாக வளர்ந்திருக்க வேண்டுமே? அப்படி வளராதபோது அரசு அவற்றுக்குப் பாதுகாப்பு அளிப்பது சரிதானா?

எல்லைக்கல்

முதல் கேள்விக்குச் சுருக்கமாக: அந்த வருவாய் மிகச் சிறிய மூலதனத்துக்குக் கிடைப்பது. தையல்காரருக்கு முதல் இயந்திரம் தரும் பயனைப் பத்தாவது இயந்திரம் தராது. அதற்குப் பத்தாவது தையல்காரரும், அவரை மேற்பார்ப்பவரும், அத்தனை துணியை வாங்கும் சந்தையும் வேண்டும்.

இரண்டாவது கேள்வியில் நான் இங்குள்ள பலரோடு மாறுபடுவேன். சிறியதாக இருப்பதற்காகவே சலுகை கொடுத்தால் சிறியதாகவே இருப்பார்கள். பிரான்சில் பணியாளர் எண்ணிக்கை 50ஐத் தொட்டவுடன் பல கூடுதல் கடமைகள் வந்துவிழுந்த காலத்துத் தரவைப் பாருங்கள்: 49 பேர் கொண்ட நிறுவனங்கள் குவிந்தும், 50ஐத் தாண்டியவை சட்டெனக் குறைந்தும் இருக்கும். இந்தியாவில் 1967 முதல் சில பொருள்களைச் சிறு நிறுவனங்கள் மட்டுமே செய்யலாம் என்று ஒதுக்கினார்கள். பட்டியல் ஒரு கட்டத்தில் 800 பொருள்களைத் தாண்டியது, கடைசி 20 பொருள்கள் 2015இல்தான் விடுவிக்கப்பட்டன. இந்த ஒதுக்கீடு நீங்கியதன் விளைவை ஆராய்ந்த மார்ட்டின், நடராஜ், ஹாரிசன் ஆகியோர், அதனால் அதிகம் பாதிக்கப்பட வேண்டிய மாவட்டங்களில் வேலைவாய்ப்பு குறையவில்லை, மாறாகக் கூடுதலாக வளர்ந்தது என்று கண்டார்கள். அமெரிக்காவில் 40 ஆண்டு நிலைத்த ஆலை, ஐந்து வயதுக்குட்பட்ட ஆலையைப் போல ஏழு மடங்குக்கு மேல் ஆட்களை வைத்திருக்கிறது. இந்தியாவிலும் மெக்சிகோவிலும் அதே வயதில் ஏறத்தாழ இரண்டு மடங்குதான் என்பது ஷீ, க்ளெனோ இருவரின் கணக்கு. தொடங்குவதற்கு உதவுங்கள், வளர்வதற்கு உதவுங்கள். சிறியதாகவே நீடிப்பதற்குப் பரிசு கொடுக்காதீர்கள்.

சம்மட்டி

நண்பர் எல்லைக்கல் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் நான் 20 பேரைத் தாண்டாததற்கு எந்தச் சலுகையும் காரணமில்லை. அதற்கு மேல் போனால் என் கண் எட்டாத இடத்தில் வேலை நடக்கும்; இன்னொருவரை நம்பிப் பூட்டுச்சாவியைக் கொடுக்க வேண்டும். கையாடல் நடந்தால் வழக்குத் தொடுத்து என் காலத்துக்குள் தீர்ப்பு வாங்கிவிடலாம் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அந்த நம்பிக்கை இருக்கும் நாடுகளில் பட்டறைகள் வளர்வதில் வியப்பில்லை.

இன்னொன்று. வளர்வது என்றால் ஒரே கூரையின் கீழ் பெருப்பது மட்டும்தானா? இத்தாலியில் பிராட்டோவின் கம்பளித் துணியும் சாசுவோலோவின் பீங்கான் தரை ஓடுகளும் நூற்றுக்கணக்கான சிறு நிறுவனங்கள் ஆளுக்கொரு கட்ட வேலையைப் பிரித்துச் செய்து உலகச் சந்தையைப் பிடித்தவை. என்னிடம் கற்றுச் சென்றவர்களில் ஆறு பேர் இன்று தனிப் பட்டறை வைத்திருக்கிறார்கள். வேலை மிகும்போது ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொள்கிறோம். உங்கள் அட்டவணையில் நாங்கள் வளராத ஏழு நிறுவனங்கள்.

வினாக்குறி

ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே என் அத்தியாயத்தை மாற்றிவிடுகிறது. இப்போது நிறுவனங்களை அளவால் மட்டுமன்றி வயதாலும் பிரித்து அட்டவணை போடலாம் என்றிருக்கிறேன். பதிவு ஆண்டையே பிறந்த ஆண்டாகக் கொள்ளலாம் அல்லவா?

சம்மட்டி

கூடாது, தங்கையே. என் பட்டறை மூன்று முறை பதிவாகியிருக்கிறது: முதலில் கூட்டாளியோடு, அவர் பிரிந்தபின் என் பெயரில், பிறகு கம்பெனியாக. அதே இடம், அதே லேத். உங்கள் கணக்கில் எனக்கு நான்கு வயதுதான் ஆகும்.

ஏட்டுச்சுரைக்காய்

இது சிறிய சிக்கல் அல்ல. நான் மேலே குறிப்பிட்ட 2013 ஆய்வில், நிறுவனத்தின் பெயரோ உரிமையோ மாறியதால் அது புதிதாகப் பிறந்ததாகத் தோன்றிவிடக் கூடாது என்பதற்காக, நிறுவனம் தோன்றும்போது அதன் தொழிலிடங்களுள் மிகப் பழையது எதுவோ அதன் வயதையே நிறுவனத்தின் வயதாகக் கொண்டார்கள். உங்களுக்குக் கிடைக்கும் தரவில் தொழிலிடத்துக்குத் தனி அடையாள எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், உற்பத்தி தொடங்கிய ஆண்டு எது என்று கேட்கும் கணக்கெடுப்புகளைத் தேடுங்கள்.