கலைச்சொல் இழை: ‘கெரிமேண்டரிங்’ – தொகுதிக் கோட்டைச் சாய்த்து வரைவதற்கு ஒரு சொல்

அவையினர் அனைவருக்கும் வணக்கம்.

‘கெரிமேண்டரிங்’, அதாவது ஒரு கட்சி தனக்குச் சாதகமாகத் தொகுதி எல்லைகளை வரைந்துகொள்வது, அதற்குத் தமிழ்ச் சொல்லாக இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். பல்லித் தொகுதி, தொகுதி மோசடி, வரப்பு நகர்த்தல், மறுசீரமைப்பு. எதுவும் சோடை போகவில்லை. ஆனாலும் ஒவ்வொன்றிலும் எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது.

எங்கள் தேவையை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே வாரயிறுதித் தமிழ்ப் பள்ளியில் உயர்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு அரைமணிப் பேச்சுப் பயிற்சி நடக்கிறது. அமெரிக்கப் பள்ளிகளின் பேச்சுப் போட்டியில் இருக்கும் அதே முறைதான்: மூன்று கேள்விச் சீட்டு எடுத்து ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும், முப்பது நிமிடம் தயாரிப்பு, ஏழு நிமிடம் பேச்சு. எல்லாம் நடப்பு அரசியல். 2025இல் டெக்சாஸ் மாநிலம் தொகுதி எல்லைகளைத் திரும்ப வரைந்த விவகாரம் வெடித்ததிலிருந்து தொகுதி வரைபடம் பற்றிய சீட்டு ஒன்றாவது வராமல் இருப்பதில்லை. ஆங்கிலத்தில் மடைதிறந்தாற்போலப் பேசும் பிள்ளை, தமிழில் இந்த இடத்துக்கு வந்ததும், “அதாவது, கட்சிக்காரங்க மேப்பை அவங்களுக்கு ஏத்த மாதிரி, வந்து...” என்று இழுக்கிறாள். மணி ஓடுகிறது. அடுத்த வாக்கியத்தில் மறுபடி அதே பொருள் வரும்போது மறுபடி அதே இழுவை. எனவே வேற்றுமை உருபு ஏற்கிற, வினையாகவும் புழங்குகிற ஒரு சொல் வேண்டும்.

> பல்லித் தொகுதி என்றே வைக்கலாமே? மூலக்கதையும் அதுதானே?

மூலக்கதை அதுதான். 1812இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் கெரி, மாநில மேலவைத் தொகுதிகளைத் தம் கட்சிக்கு வசதியாக வெட்டிய சட்டத்தில் கையெழுத்திட்டார். எசெக்ஸ் பகுதியில் ஒரு தொகுதி வளைந்து நெளிந்து கிடந்தது. பாஸ்டன் செய்தித்தாள் ஒன்று அதற்கு இறக்கையும் நகமும் வைத்துப் படம் போட்டு, பல்லி போன்ற ‘சாலமாண்டர்’ என்ற உயிரியின் பெயருடன் கெரியின் பெயரை ஒட்டவைத்தது. அந்த ஆண்டு மேலவைத் தேர்தலில் எதிர்க்கட்சிக்குத்தான் சற்றுக் கூடுதல் வாக்கு. ஆனால் 40 இடங்களில் அவர்களுக்குக் கிடைத்தது 11. கெரியோ அதே ஆண்டு ஆளுநர் பதவியை இழந்தார். மாநிலம் முழுவதும் ஒரே தொகுதியாக வாக்களிக்கும் தேர்தலில் கோடு யாருக்கும் உதவாது. (அவர் பெயரைக் ‘கெரி’ என்று வல்லோசையோடு சொல்ல வேண்டும். இன்று அமெரிக்கர்களே அந்தச் சொல்லை ‘ஜெரி’ என்று மென்றுவிட்டார்கள். நாம் எழுத்துப்பெயர்ப்பில் எதை வைப்பது என்பது தனிச் சண்டை.)

பல்லியில் என் சிக்கல் என்னவென்றால், அது வடிவத்தைத்தான் காட்டும். வடிவத்தை நம்பினால் பிள்ளைகள் வழி தவறுவார்கள். இலினாயின் நான்காம் தொகுதி பல ஆண்டுகள் காதுறை மாதிரி இருந்தது: சிகாகோவில் இரண்டு குடியிருப்புப் பகுதிகள், நடுவே நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு நூலிழை. லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் தமக்கென ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க வழிசெய்யவே அப்படி வரைந்தார்கள். மறுபக்கம், இன்று கணினி தெருத்தெருவாக வாக்குப்பதிவு விவரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பார்ப்பதற்குச் சதுரமாக, நல்ல பிள்ளை போல இருக்கும் தொகுதிகளை வரைந்து ஒரு கட்சியைத் துடைத்தெறிய முடியும். பல்லியே இல்லாத வரைபடத்தைப் பல்லித் தொகுதி என்று எப்படிச் சொல்வது?

> தொகுதி மோசடி. எல்லாருக்கும் புரியும். நேரடியாகச் சொல்லிவிடலாம்.

புரியும், ஐயா. ஆனால் மோசடி என்றால் குற்றம். இது பெரும்பாலும் குற்றமே இல்லை, அதுதான் இந்த விவகாரத்தின் சாரம். 2016இல் வட கரோலினாச் சட்டமன்றத்தில் வரைபடப் பணியை முன்னின்று நடத்திய உறுப்பினர், தம் கட்சிக்கு 10, எதிர்க்கட்சிக்கு 3 என்று வரையச் சொல்கிறேன், 11–2 என்று வரைய முடியும் எனத் தோன்றவில்லை, அதனால்தான் என்று குழுக் கூட்டத்திலேயே வெளிப்படையாகச் சொன்னார். ஒளிவுமறைவே இல்லை. தேர்தலிலும் அப்படியே 10 வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ஜனநாயகக் கட்சியினர் வரைந்த மேரிலாந்து வரைபடமும் கூடவே போனது. 2019இல் 5–4 என்ற கணக்கில் தீர்ப்பு: கட்சி ஆதாயத்துக்காக வரைவது ஜனநாயகத்துக்குப் பொருந்தாததாக இருக்கலாம், ஆனாலும் அதை அளந்து தீர்ப்புச் சொல்வது கூட்டாட்சி நீதிமன்றங்களின் வேலை இல்லை. இன அடிப்படையில் வரைந்தால் மட்டும் நீதிமன்றம் தலையிடும். 1993இல் வட கரோலினாவின் 12ஆம் தொகுதி வழக்கிலிருந்து அதற்கு வழி திறந்திருக்கிறது.

இப்போது ஒரு மாணவிக்கு “கட்சி ஆதாயத்துக்கான தொகுதி வரைவை நீதிமன்றம் தடுக்க வேண்டுமா?” என்ற சீட்டு வருகிறது என்று வையுங்கள். ‘தொகுதி மோசடியைத் தடுக்க வேண்டுமா’ என்று அவள் தொடங்கினால் வாதம் அங்கேயே முடிந்தது. மோசடியைத் தடுக்க வேண்டாம் என்று எவர் சொல்வார்? கேள்விக்குள்ளேயே விடையை ஒளித்து வைக்கும் சொல் நமக்கு ஆகாது. ‘சூழ்ச்சி’ என்று வைத்தாலும் இதே கதைதான், சற்று நாகரிகமாக.

> வரப்பு நகர்த்தல். நம் ஊர் மண்வாசனை இருக்கிறதே.

இந்த இழையில் எனக்கு மிகவும் பிடித்தது இது. இரவோடிரவாக வரப்பை ஒரு முழம் தள்ளிப் போடும் பங்காளி எந்த ஊரில் இல்லை? ஆனால் வரப்பு நகர்ந்தால் ஒருவன் நிலம் கூடும், இன்னொருவன் நிலம் குறையும். தொகுதியில் அது நடக்காது. 1964இல் வந்த தீர்ப்புகளுக்குப் பிறகு ஒரு மாநிலத்துக்குள் எல்லாத் தொகுதிக்கும் மக்கள்தொகை சமமாக இருந்தாக வேண்டும். இப்போது ஒரு பிரதிநிதிக்கு ஏறத்தாழ 7.6 லட்சம் பேர். யாருடைய பங்கும் அளவில் குறைவதில்லை, பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பதுதான் மாறுகிறது. வித்தை முழுவதும் அதில்தான்.

பிள்ளைகளுக்கு நான் கரும்பலகையில் போட்டுக் காட்டும் கணக்கு: ஊரில் 50 வாக்காளர். மாம்பழக் கட்சிக்கு 30, தென்னைக் கட்சிக்கு 20. பத்துப் பத்துப் பேராக ஐந்து தொகுதி. ஒவ்வொன்றிலும் 6–4 என்று கலந்து வெட்டினால் மாம்பழம் ஐந்தையும் அள்ளும். அதே ஊரை இப்படி வெட்டுங்கள்: இரண்டு தொகுதிகளில் மாம்பழத்தார் ஒன்பது ஒன்பது பேர், மிச்சம் மூன்றிலும் நாலு நாலு பேர். மாம்பழம் முதலிரண்டில் 9–1 என்று ஆரவாரமாக ஜெயிக்கும், மற்ற மூன்றிலும் 4–6 என்று தோற்கும். இருபது பேர் வைத்திருந்த தென்னைக்கு மூன்று இடம், முப்பது பேர் வைத்திருந்த மாம்பழத்துக்கு இரண்டு. ஒருவர்கூட மனம் மாறவில்லை, ஒருவர்கூட ஊர் மாறவில்லை.

இந்தக் கணக்கைப் போடும்போதுதான் துணைச்சொற்கள் இரண்டும் தாமாக வந்து விழுந்தன. எதிராளியின் ஆட்களை ஒன்பது ஒன்பதாகத் திணித்து ஓரிரு தொகுதிகளில் அடைப்பதை அடைத்தல் என்போம். மிச்சப் பேரை நாலு நாலாகப் பிரித்து எங்கும் பெரும்பான்மை கிடைக்காமல் செய்வதை உடைத்தல் என்போம். அடைப்பும் உடைப்பும். ஆங்கிலத்தில்கூட இந்த இணை (‘பேக்கிங்’, ‘கிராக்கிங்’) எதுகையோடுதான் இருக்கிறது, தமிழில் இன்னும் நன்றாக உட்கார்ந்துவிட்டது. பிள்ளைகள் அன்றைக்கே பிடித்துக்கொண்டார்கள். இதில் அவை மறுப்புச் சொல்லாது என்று நம்புகிறேன்.

> தமிழ்நாட்டில் ‘தொகுதி மறுசீரமைப்பு’ என்று நாள்தோறும் செய்தி வருகிறதே, அதையே எடுத்துக்கொண்டால் என்ன?

இதைத்தான் நான் கட்டாயம் தவிர்க்கச் சொல்வேன். ஒரு பிள்ளை மறுசீரமைப்பு என்றதும், காணொளியில் கேட்டுக்கொண்டிருந்த பாட்டி “நம்ம எம்பி சீட்டைக் குறைக்கிறாங்களே, அதா?” என்று கேட்டார். பாட்டி கேட்டது சரியான கேள்வி. 2025 மார்ச்சில் சென்னையில் பல மாநிலத் தலைவர்கள் கூடிப் பேசியது, எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பது பற்றி. அமெரிக்காவில் அது வேறு வேலை. பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் நாடாளுமன்றக் கீழவையின் 435 இடங்களை மாநிலங்களுக்கு ஒரு கணித வாய்பாட்டின்படி பிரித்துவிடுவார்கள். 2020 கணக்கெடுப்பில் இன்னும் 89 பேர் இருந்திருந்தால் நியூயார்க் ஓர் இடத்தை இழந்திருக்காது. டெக்சாஸுக்கு இரண்டு கூடி 38 ஆனது. அங்கே யாரும் கோடு வரையவில்லை, வெறும் வகுத்தல் கணக்கு. கோடு வரைவது அதற்குப் பிறகு, ஒவ்வொரு மாநிலத்துக்குள்ளும். பெரும்பாலான மாநிலங்களில் சட்டமன்றமே வரைகிறது, அதாவது போட்டியிடப் போகிறவர்களின் கட்சிக்காரர்களே. இந்தியாவில் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் தனி ஆணையம் வரைகிறது என்பதால், இந்த இரண்டாவது வேலை நம் செய்திகளில் அவ்வளவாகச் சூடு பிடிப்பதில்லை. ஒரே சொல்லை இரண்டுக்கும் போட்டால் மாணவியின் பேச்சில் டெக்சாஸும் தமிழ்நாடும் ஒன்றாகக் குழம்பிவிடும். முதல் வேலைக்கு ‘இடப் பங்கீடு’ என்பது என் பரிந்துரை. இரண்டாவதற்கு ஈழத்து உறுப்பினர்கள் சொல்ல வேண்டும், அங்கே நல்ல சொல் இருப்பதாக நினைவு.

மையச் சொல்லுக்கு நான் முன்வைப்பது: சாய்வரைவு. ஒரு பக்கம் சாய்த்து வரைவது. வினை: சாய்த்து வரைந்தார்கள். கட்சிச் சாய்வரைவு, இனச் சாய்வரைவு என்று அடைமொழி ஏற்கும். வடிவத்தைப் பற்றிப் பேசவில்லை, குற்றம் சாட்டவும் இல்லை, நோக்கத்தை மட்டும் சொல்கிறது. தராசு சாய்வதைக் குறையாகப் பார்க்கும் மரபு நம்மிடம் இருப்பதால் லேசான கண்டனமும் உள்ளே இருக்கிறது. அந்த அளவு போதும்.

அவையின் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

– ந.

———

வணக்கம்.

நீங்கள் தேடுவது ‘எல்லை நிர்ணயம்’ என்று நினைக்கிறேன். இலங்கையில் எல்லை நிர்ணய ஆணைக்குழு என்றே அரச வழக்கு. ஏற்கெனவே இருக்கும் எல்லையைத் திரும்ப வரைவதற்கு ‘எல்லை மீள்நிர்ணயம்’ என்று எழுதலாம். உங்கள் இடப் பங்கீட்டோடு இது குழம்பாது, ஏனெனில் எல்லை என்ற சொல் முன்னாலேயே நிற்கிறது.

சாய்வரைவு எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரேயொரு கேள்வி. தமிழ்நாட்டில் சட்ட வரைவு, வரைவு வாக்காளர் பட்டியல் என்று வரைவைப் பூர்த்தியாகாத ஆவணத்துக்குப் பாவிக்கிறீர்களே. ‘சாய்வரைவு’ என்றதும் ஒருதலைப்பட்சமான சட்டமூலம் என்று ஒருவர் விளங்கிக்கொண்டால்? எங்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, நாங்கள் அதை ‘வரைபு’ என்போம். ‘எல்லைச் சாய்வு’ என்று மாற்றினால் எப்படி?

– க.

———

மீள்நிர்ணயத்துக்கு மிக்க நன்றி. அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

‘எல்லைச் சாய்வு’ சுருக்கமாக இருக்கிறது, ஆனால் அது விளைவைச் சொல்கிறது, செய்தவனை விட்டுவிடுகிறது. எல்லை தானாகச் சாய்ந்த மாதிரி ஆகிவிடும். உண்மையில் தானாகச் சாய்வதும் உண்டு என்பதால்தான் இந்த வேறுபாடு எனக்கு வேண்டும். ஒரு கட்சியின் வாக்காளர்கள் நகரங்களில் நெருக்கமாக வாழ்ந்தால், எந்தக் கள்ளமும் இல்லாமல் வரைந்தாலும் அவர்கள் வாக்கு சில தொகுதிகளில் குவிந்து வீணாகும். அதற்கு எல்லைச் சாய்வு என்ற உங்கள் சொல்லையே வைத்துக்கொள்ளலாம். கையால் செய்ததற்குச் சாய்வரைவு. வழக்குகளில் இரு தரப்பும் முட்டிக்கொள்வதே ‘இது ஊரின் அமைப்பா, உன் கைவேலையா’ என்பதில்தான்.

வரைவு–ஆவணம் குழப்பத்துக்கு: முதல்முறை வரும்போது ‘தொகுதிச் சாய்வரைவு’ என்று முழுதாகச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. பிறகு சுருக்கலாம்.

நேற்று மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தேன். ஒருத்தி எடுத்த சீட்டு கலிபோர்னியா பற்றியது. அவள் சொன்னதை அப்படியே தருகிறேன், சொல் தாங்குகிறதா என்று நீங்களே பாருங்கள்:

“2025 ஆகஸ்டில் டெக்சாஸ், பத்தாண்டு முடியும்வரை காத்திருக்காமல் தொகுதி எல்லைகளை மீள்நிர்ணயம் செய்தது. நோக்கம் குடியரசுக் கட்சிக்கு இன்னும் ஐந்து இடம். ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் மாநிலத்தை விட்டே வெளியேறினார்கள். 150 பேர் கொண்ட அவையில், அவை நடக்கத் தேவையான குறைவெண் 100, அதை உடைக்கப் பார்த்தார்கள். இரண்டு வாரம் தள்ளிப்போனதே தவிர சட்டம் நிறைவேறிவிட்டது. கலிபோர்னியாவில் 14 குடிமக்கள் கொண்ட ஆணையம்தான் வரைபடம் போடும், சாய்வரைவைத் தடுப்பதற்கென்றே மக்கள் 2008இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. முதலில் மாநிலச் சட்டமன்றத் தொகுதிகளுக்கு, 2010இல் நாடாளுமன்றத் தொகுதிகளுக்கும். அதே மக்கள் 2025 நவம்பரில் ஐம்பதாம் முன்மொழிவுக்கு வாக்களித்து, ஆணையத்தின் நாடாளுமன்ற வரைபடத்தை 2030 வரை ஒதுக்கிவைத்து, டெக்சாஸுக்குப் பதில் சாய்வரைவு செய்தார்கள்.”

‘பதில் சாய்வரைவு’ என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளே ஒட்டிக்கொண்டாள். ‘பதில் மோசடி’ என்று வைத்துச் சொல்லிப் பாருங்கள், வாக்குப்பெட்டியில் மக்கள் தாமே தந்த ஒப்புதலை அந்தச் சொல் சுமக்குமா?

சொற்பட்டியலில் ஏற்றுகிறேன்: இடப் பங்கீடு, எல்லை மீள்நிர்ணயம், தொகுதிச் சாய்வரைவு, அடைத்தல், உடைத்தல், வீண் வாக்கு. ஆணையமா ஆணைக்குழுவா என்பதை இரண்டும் சரி என்றே குறித்துவிடுகிறேன், அதில் அடிபட எனக்குத் தெம்பில்லை. சுதந்திரமாக இயங்கும் ஆணையத்துக்கு ‘தன்னாட்சி’யா ‘சுயாதீன’மா என்பது இன்னும் நிற்கிறது. கலிபோர்னிய ஆணையத்தில் இரு பெரிய கட்சியிலிருந்தும் ஐந்து ஐந்து பேர், இரண்டிலும் சேராதவர் நால்வர் என்பதால் ‘கட்சி சாரா’ என்பது மட்டும் பொருந்தாது.

அமெரிக்க மேலவையில் மணிக்கணக்காகப் பேசி மசோதாவை முடக்கும் ‘ஃபிலிபஸ்டர்’ அடுத்த சனிக்கிழமைப் பயிற்சிக்கு வேண்டும். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். 60 வாக்கு இருந்தால்தான் விவாதத்தை நிறுத்த முடியும் என்பதையும், இப்போதெல்லாம் நின்று பேசாமலே முடக்கிவிடுகிறார்கள் என்பதையும் மனத்தில் வைத்துச் சொல் தாருங்கள். ‘நீள்பேச்சு’ என்று யாரும் தொடங்க வேண்டாம்.

– ந.