ராத்திரியில பெட்டி கேமராவோட நின்னப்போ வந்து கேட்டவங்க

ஃபோர் பை ஃபைவ் கேமராவை (நாலுக்கு அஞ்சு இன்ச் ஃபிலிம் ஷீட்டை ஒவ்வொண்ணா போட்டு எடுக்கிற பெரிய பெட்டி கேமரா) ராத்திரியில வெளியே நிறுத்தினா, யாராவது வந்து "இது என்ன"ன்னு கேட்காம போனதே இல்ல. உங்ககிட்ட யார் வந்தாங்க, சொல்லுங்க. என்னோடதை முதல்ல சொல்லிடுறேன்.

பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச், ஷ்மிட் நினைவுச் சின்னம். மணி பதினொண்ணு இருக்கும். ஏசி கார்ல இருந்து எடுத்த லென்ஸ் கடல்காத்து பட்டதும் மொத்தமா பனி பூத்துடுச்சு. துடைக்கத் துடைக்க மறுபடி. அரைமணி வீண். (இப்பெல்லாம் ஏசி போடாம வேர்த்து ஒழுகிட்டேதான் போறேன்.) ட்ரைபாட் கால் மணல்ல இறங்காம இருக்க அடியில மூணு கொட்டாங்கச்சி.

லென்ஸ் துவாரத்தை எஃப் 22-ன்னு சின்னதா வச்சதுக்கு லைட் மீட்டர் ரெண்டு நிமிஷம் காட்டுச்சு. ஆனா நீளமான எக்ஸ்போஷர்ல ஃபிலிம் சோம்பேறி ஆயிடும். நான் போட்டிருந்த எஃப்பி4 ஃபிலிமுக்கு இல்ஃபோர்ட் கம்பெனி கொடுத்திருக்கிற கணக்குப்படி, மீட்டர் சொல்ற நொடிக்கு 1.26-ஐ அடுக்கா (பவரா, பெருக்கலா இல்ல) போடணும். 120 நொடி 417 நொடி ஆச்சு, கிட்டத்தட்ட ஏழு நிமிஷம்.

ஷட்டரைத் திறந்து ஒரு நிமிஷம் ஆகல, ரோந்து கான்ஸ்டபிள் வந்துட்டார். "கிளம்புங்க சார், டைம் ஆச்சு."

"இப்போ மூடினா ஷீட் வீணா போயிடும் சார். இன்னும் ஆறே நிமிஷம்."

வாட்சைப் பார்த்துட்டு பக்கத்துலயே நின்னுட்டார். சும்மா நிக்க முடியாம, "இது யாரு சமாதி?"ன்னார். சமாதி இல்ல சார், டென்மார்க் மாலுமி ஒருத்தர் 1930-ல கடல்ல முழுகினவங்களைக் காப்பாத்தப் போய் அவரே போயிட்டார், அவர் நினைவா கட்டினதுன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "இப்பவும் பசங்க இறங்குறானுங்க சார், சொன்னா கேக்குறானுங்களா"ன்னவர், அலை பக்கம் யாரோ நிக்கிற மாதிரி தெரிய, டார்ச்சை அடிச்சுக்கிட்டே ஃபிரேமுக்குக் குறுக்கா விறுவிறுன்னு போயிட்டார். நான் தலையில கை வச்சுக்கிட்டேன்.

திரும்பி வந்து, "எங்க, படத்தைக் காட்டுங்க."

"வீட்டுல போய் டெவலப் பண்ணணும் சார்."

"அப்போ இவ்ளோ நேரம் என்ன பண்ணீங்க?"

நெகட்டிவ்ல அவர் இல்லவே இல்ல. டார்ச் மட்டும் கோணல் கோடா கடல் வரைக்கும் போகுது. அதுக்கப்புறம் எடுத்த ஷீட் சுத்தமா வந்திருக்கு, ஆனா நான் பிரிண்ட் போட்டது இதைத்தான்.

* * *

அண்ணே, உங்களுக்காவது போலீஸ். நேப்பியர் பாலத்துல என்னை மெட்ரோ சர்வேன்னே முடிவு பண்ணிட்டாங்க. ஒரு பெரியவர், "லைன் எங்க தெரு வழியா வருதா தம்பி? வீட்டுக்கு என்ன ரேட்டு குடுப்பாங்க?"ன்னு விடல. போட்டோதான்னு துணிக்குள்ள தலையை விடச் சொல்லிக் காட்டினேன். "தலைகீழால்ல இருக்கு, இதை வச்சா அளக்குறீங்க?"

நான் பாலத்து மேலயே நின்னதுதான் தப்பு. பஸ் போனா தரை அதிருது. பஸ் வரும்போதெல்லாம் லென்ஸ் முன்னாடி கறுப்பு அட்டையைப் பிடிச்சு, போனதும் எடுத்து, அந்த நேரத்தைக் கணக்குல விட்டுட்டு எண்ணணும். கடைசியில அவரே "வருது, வருது... போயிடுச்சு, எடு"ன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டார். என் ஷீட்டுங்கள்ல ரொம்ப ஷார்ப்பா வந்தது அதுதான். கிளம்பும்போது மறுபடி ரேட்டைக் கேட்டார்.

* * *

எனக்கு வெளியில ஒரு தொல்லையும் இல்ல. வீட்டுலதான். ஹோல்டர்ல (ஷீட்டை வெளிச்சம் படாம வச்சு கேமராவுல சொருகுற உறை) ஃபிலிம் போட பாத்ரூம், கதவு இடுக்குல போர்வை, வேர்வை சொட்டாம இருக்க தலையில துண்டு. ஷீட் ஓரத்துல இருக்கிற சின்ன வெட்டு, நாட்ச், எங்கன்னு விரலால தடவிக்கிட்டிருக்கேன். ஷீட்டை நெட்டுக்குப் பிடிக்கும்போது அது மேல வலது மூலையில இருந்தா எமல்ஷன், அதாவது படம் பதியுற பூச்சு, நம்ம பக்கம். வெளியில இருந்து அம்மா, "இருட்டுல என்னடா பண்றே?"ன்னு கேட்டுக்கிட்டே லைட்டைப் போட்டுட்டாங்க. ஸ்விட்ச் வெளியில. 25 ஷீட் டப்பா திறந்தே கிடந்துச்சு.

இப்பல்லாம் பல்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள போறேன்.