வால்வு ஹெட்போன் ஆம்புக்கு எந்த வால்யூம் கண்ட்ரோல்? 50கே, 100கே, இல்லை ஸ்டெப்டு அட்டனுவேட்டரா?

வால்வுப்பித்தன்:

வணக்கம். வீட்டிலேயே கட்டும் ஹெட்போன் ஆம்ப் ஒன்றுக்கு வால்யூம் கண்ட்ரோல் தேர்வு செய்ய வேண்டும். முதல் கட்டம் 12ஏயு7 வால்வு, சேனலுக்கு ஒரு பாதி. பிளேட் ரெசிஸ்டர் 47கே (47,000 ஓம்), கேத்தோடு ரெசிஸ்டர் 1கே, அதற்கு பைபாஸ் கெபாசிட்டர் உண்டு. அடுத்தது 6080 வால்வில் கேத்தோடு ஃபாலோயர் (வோல்ட்டேஜைக் கூட்டாமல் கரண்டை மட்டும் தரும் கட்டம்). அங்கிருந்து அவுட்புட் கெபாசிட்டர் வழியாக 300 ஓம் ஹெட்போன். ஹெட்போனின் உணர்திறன் மில்லிவாட்டுக்கு 100 டெசிபல். முழு அளவில் 2 வோல்ட் தரும் டிஏசிதான் (டிஜிட்டல் இசையை அனலாக் சிக்னலாக்கும் கருவி) சோர்ஸ்.

சர்க்யூட் படத்தில் "100கே லாக்" (தொடக்கத்தில் மெதுவாக ஏறும் வகை) என்று மட்டும் போட்டிருக்கிறது. தேடிப் பார்த்தால் ஒருவர் 10கே என்கிறார், இன்னொருவர் 250கே என்கிறார். கேள்விகள் இவை: மதிப்பு எவ்வளவு? சாதாரண டூயல் பாட் (ஒரே குமிழில் இரண்டு சேனலுக்கும் மாறும் ரெசிஸ்டர்) போதுமா, ஸ்டெப்டு அட்டனுவேட்டருக்கு (படிப்படியாக ரெசிஸ்டர்களை மாற்றும் ஸ்விட்சுக்கு) செலவழிப்பது தகுமா? வைப்பரை (பாட்டின் நகரும் நடுத்தொடர்பை) நேரே கிரிட்டில் (வால்வின் இன்புட் முனையில்) கொடுத்துவிடலாமா?

கிரிட்லீக்:

பாட் பற்றிப் பேசும் முன் கெயின் (பெருக்கம்) கணக்கைப் போட்டுவிடுங்கள். பாட் மேல் சுமத்தப்படும் புகார்களில் பாதி கெயின் அதிகமாக இருப்பதால் வருவது.

12ஏயு7-இன் மியூ (வால்வின் பெருக்கும் திறன்) சுமார் 17, உள் ரெசிஸ்டன்ஸ் சுமார் 7.7கே. உங்கள் 47கே லோடில் கெயின் 17 × 47 ÷ 54.7, அதாவது 14.6 மடங்கு, 23 டெசிபல். 6080 ஃபாலோயர் என்பதால் அதில் கெயின் கிடையாது. உங்கள் ஹெட்போனில் 1 மில்லிவாட் என்றால் 0.55 வோல்ட், அதிலேயே 100 டெசிபல் சத்தம். டிஏசியின் உச்ச அளவு இந்த 0.55 வோல்ட்டாக வந்து சேர்ந்தாலே பெரும்பாலோருக்குப் போதும். 2 வோல்ட்டிலிருந்து 0.55-க்கு இறங்க 11 டெசிபல் குறைக்க வேண்டும், ஆம்ப் கூட்டும் 23-ஐயும் சேர்த்தால் 34. ஆக, பாட் மைனஸ் 34 டெசிபலில், அதாவது சிக்னலில் 2 சதவீதம் மட்டும் விடும் இடத்தில் நிற்கும். வழக்கமான லாக் பாட்டில் அது ஒன்பது மணி நிலைக்கும் கீழே.

கார்பன் டிராக் (வைப்பர் உரசும் பட்டை) பாட்டின் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று மோசமாகப் பொருந்தாமல் போவது சரியாக அந்த இடத்தில்தான். ஒரு காது ஓங்கும், மற்றது அடங்கும். குமிழை ஒரு மயிரிழை திருப்பினால் சத்தம் எகிறும். எவ்வளவு விலை உயர்ந்த பாட் வாங்கினாலும் இந்த மூலையில் வைத்துக் கேட்டால் நிம்மதி இல்லை.

கேத்தோடு பைபாஸ் கெபாசிட்டரை எடுத்துவிட்டால் கெயின் குறையுமே என்று தோன்றும். குறையும்தான், ஆனால் 14.6-இலிருந்து 11-க்கு, வெறும் 2.5 டெசிபல். இன்புட்டில் ஒரு நிலையான பேட் (சிக்னலைக் குறைக்கும் ரெசிஸ்டர் ஜோடி) போடுவது நேர்வழி. 50கே பாட்டுக்கு முன்னால் சேனலுக்கு 22கே தொடராக, அதன் பின் 8.2கே கிரவுண்டுக்கு. பாட்டும் 8.2கே-வுக்கு இணையாக வருவதால் மொத்தம் மைனஸ் 12.3 டெசிபல். டிஏசி பார்க்கும் சுமை 29கே, அதற்கு இது ஒன்றும் பெரிதல்ல. குமிழ் இப்போது பத்து, பதினொன்று மணிப் பக்கம் வந்துவிடும். 1 சதவீத மெட்டல் ஃபிலிம் நான்கே போதும்.

சிற்றலை:

மதிப்பு ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்பதற்கு: மேலெல்லையை வால்வு தீர்மானிக்கிறது, கீழெல்லையை சோர்ஸ் தீர்மானிக்கிறது.

மேலெல்லை. வைப்பரிலிருந்து பார்த்தால் பாட்டின் அவுட்புட் இம்பிடன்ஸ் (சிக்னலுக்கான எதிர்ப்பு) அதிகபட்சம் மொத்த மதிப்பில் கால் பங்கு, அதுவும் மைனஸ் 6 டெசிபல் நிலையில். 100கே என்றால் 25கே. இது வால்வின் இன்புட் கெபாசிட்டன்ஸோடு சேர்ந்து உயர் அதிர்வெண்களைக் குறைக்கும் லோ பாஸ் ஃபில்டர் ஆகிறது. அந்தக் கெபாசிட்டன்ஸை மில்லர் விளைவு பெருக்கிவிடும். அதிகக் கெயின் தரும் 12ஏஎக்ஸ்7 வால்வில் கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவே 1.6 பிகோஃபாரட்தான், ஆனால் கெயின் 60 என்றால் கிரிட் காண்பது 100 பிகோஃபாரட். வயரிங்குக்கு 20 சேர்த்தால் 120. 100கே பாட்டில் 53 கிலோஹெர்ட்ஸில் 3 டெசிபல் விழும், 20 கிலோஹெர்ட்ஸில் 0.6 டெசிபல். 250கே போட்டால் 21 கிலோஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் போய்விடும். அப்போது குமிழைத் திருப்பத் திருப்ப ட்ரெபிளும் மாறும்.

உங்கள் 12ஏயு7-க்கு இந்தத் தொல்லை குறைவு. 1.5 பிகோஃபாரட்டை 15.6-ஆல் (கெயினோடு ஒன்று கூட்டியது) பெருக்கினால் 23, வயரிங்கோடு 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். 100கே கூட 140 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். ஆனால் பாட்டிலிருந்து வால்வு வரை 40 சென்டிமீட்டர் ஷீல்டு வயர் இழுத்தால் இன்னொரு 40 பிகோஃபாரட் ஏறும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

கீழெல்லை. அவுட்புட் கெபாசிட்டர் 0.47 மைக்ரோஃபாரட் உள்ள வால்வு ப்ரீஆம்பை 10கே பாட்டில் இணைத்தால் 34 ஹெர்ட்ஸிலேயே பேஸ் சரியத் தொடங்கிவிடும். 50கே என்றால் 7 ஹெர்ட்ஸ். டிஏசி மட்டும்தான் என்றால் 10கே தாராளமாக ஓடும், நாளை வேறு சோர்ஸ் வரலாம் என்றால் 50கே. கிரிட்லீக் சொன்ன பேடோடு 50கே-தான் என் வாக்கும். இதில் வைப்பர் இம்பிடன்ஸ் 14கே-வைத் தாண்டாது.

ரெசிஸ்டர் நாய்ஸ் பற்றி அளவுக்கு மீறிய பயம் இருக்கிறது. 12.5கே தரும் வெப்ப நாய்ஸ் 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் 2 மைக்ரோவோல்ட். 14.6 மடங்கு பெருக்கினாலும் 30 மைக்ரோவோல்ட், உங்கள் ஹெட்போனில் 15 டெசிபல் சத்தம்கூட வராது.

பழைய_சால்டர்:

லாக் பாட்டே வேண்டாம். லீனியர் பாட்களில் இரண்டு பக்கமும் நன்றாகப் பொருந்தும். 100கே லீனியர், வைப்பரிலிருந்து கிரவுண்டுக்கு 15கே. நடுநிலையில் மைனஸ் 14.5 டெசிபல், லாக் போலவே நடக்கும். வைப்பர் இம்பிடன்ஸும் 9.4கே-க்கு மேல் போகாது. மலிவு.

கிரிட்லீக்:

நடுவிலிருந்து மேலே நீங்கள் சொல்வது சரி. ஆனால் இவருக்குப் பிரச்சினை கீழ்முனையில். அங்கே டிராக்கின் கீழ்ப்பகுதி 15கே-வைவிட மிகச் சிறியது, ரெசிஸ்டர் இருப்பதே தெரியாது. 2 சதவீத சிக்னலுக்கு டிராக்கில் 2 சதவீதத் தூரத்தில் நிற்க வேண்டும், லாக் பாட்டைவிட நெருக்கடி. பேட் போட்ட பிறகு இந்த வழியும் நன்றாக வேலை செய்யும். ஒன்று மட்டும்: முழு வால்யூமில் சோர்ஸுக்குத் தெரிவது 13கே. டிஏசிக்குப் பரவாயில்லை, வால்வு ப்ரீஆம்புக்கு ஆகாது.

ஏணிப்படி:

ஸ்டெப்டு அட்டனுவேட்டருக்கு வருவோம். அதன் உண்மையான லாபம் சேனல் பொருத்தம். 1 சதவீத ரெசிஸ்டர் என்றால் எந்த நிலையிலும் இரண்டு காதும் 0.2 டெசிபலுக்குள் நிற்கும். "ஒலி மேடை திறந்துகொண்டது" வகைப் புகழுரைகளை நான் அதற்கு மேல் எடுத்துக்கொள்வதில்லை.

24 நிலை, இரண்டு வேஃபர் (தொடர்புகள் உள்ள தட்டு) ரோட்டரி ஸ்விட்ச் எடுங்கள். சீரீஸ் வகையில் சேனலுக்கு 23 ரெசிஸ்டர், ஒரே சங்கிலி. 50கே, ஒரு படிக்கு 2 டெசிபல் என்றால் மேலிருந்து 10.3கே, 8.2கே, 6.5கே என்று இறங்கும். ஒவ்வொன்றும் முந்தையதின் 0.794 மடங்கு. கடைசி இணைப்புப் புள்ளிக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 315 ஓம். மைனஸ் 44 வரை 23 நிலை, மிச்சமுள்ள ஒன்று மியூட். கணக்கில் வரும் மதிப்புக்கு அருகில் இருக்கும் 1 சதவீத மதிப்பைப் போட்டால் போதும், தேடி அலைய வேண்டாம்.

44 டெசிபல் என்பது பேட் இருந்தால் மட்டும் தாராளம். பேட் இல்லாமல் உங்கள் கெயினில் கடைசி ஐந்தாறு படிகளில்தான் பாட்டு கேட்பீர்கள், மீதி எல்லாம் அலங்காரம். ராத்திரி மெதுவாகக் கேட்பவர்களுக்கு 2 டெசிபல் படியும் சில சமயம் எரிச்சல் தரும், ஒரு படி குறைவாக இருக்கும், அடுத்தது அதிகமாக இருக்கும்.

ஸ்விட்ச் வாங்கும்போது ஷார்ட்டிங் வகைதானா, அதாவது பழைய தொடர்பை விடும் முன் புதியதைப் பிடிக்கும் வகையா என்று மல்டிமீட்டரில் கன்டினியூட்டி வைத்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். மற்ற வகையில் படிக்குப் படி கிரிட் அந்தரத்தில் தொங்கும், ஹெட்போனில் டப் டப் என்று கேட்கும். ஸ்விட்சைக் கேபினெட்டில் பொருத்தும் முன்பே ரெசிஸ்டர்களை வேஃபரில் பற்றவைத்து ஒவ்வொரு நிலையையும் ஓம் அளந்துவிடுங்கள். கேபினெட்டுக்குள் போன பிறகு நடுவில் ஒரு இணைப்பைத் திருத்துவது நரகம்.

ரிலே வகை, சிப் வகை எல்லாம் ரிமோட் வேண்டும் என்பவர்களுக்கு. பிஜிஏ2311 சிப் 0.5 டெசிபல் படியில் அருமையாக ஓடும், ஆனால் அதற்குப் பிளஸ் மைனஸ் 5 வோல்ட் சப்ளையும் ஒரு மைக்ரோகன்ட்ரோலரும் வேண்டும், இன்புட் இம்பிடன்ஸும் 10கே-தான்.

சிற்றலை:

வைப்பர் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நேரே கொடுக்கலாம், ஆனால் இரண்டு ரெசிஸ்டர் சேர்த்து. வைப்பரிலிருந்து கிரவுண்டுக்கு 1மெக் (10 லட்சம் ஓம்). வைப்பர் ஒரு நொடி டிராக்கைவிட்டு எழும்பினாலும் கிரிட் பூஜ்ஜிய வோல்ட்டில் நிற்கும். 50கே பாட் தரும் சிக்னல் அளவுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. பிறகு வால்வு சாக்கெட்டின் கிரிட் பின்னிலேயே 1கே கிரிட் ஸ்டாப்பர் (உயர் அதிர்வெண் அலைவைத் தடுக்கும் ரெசிஸ்டர்). பின்னிலிருந்து தள்ளி வைத்தால் அதற்கு வேலையே இல்லை.

திருப்பும்போது கரகரப்பு வந்தால் டிராக்கில் டிசி ஓடுகிறது என்று பொருள். ஒன்று சோர்ஸிலிருந்து கசிகிறது, அல்லது வால்வில் கிரிட் கரண்ட் இருக்கிறது. வைப்பரில் மல்டிமீட்டரை வைத்தால் சில மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. சோர்ஸைக் கழற்றிய பிறகும் நிற்கவில்லை என்றால் வால்வை மாற்றிப் பாருங்கள். வால்வும் நன்றாக இருந்தால் வைப்பருக்கும் கிரிட்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டர் வைத்து, அந்த 1மெக்கை கெபாசிட்டருக்கு அப்பால், கிரிட் பக்கம் நகர்த்திவிடுங்கள். 1.6 ஹெர்ட்ஸ்தான், பேஸுக்குச் சேதம் இல்லை.

வால்வுப்பித்தன்:

அனைவருக்கும் நன்றி. 50கே லாக் பாட், 22கே/8.2கே பேட், 1மெக், 1கே எல்லாம் போட்டாகிவிட்டது. பொருத்தம் நன்றாக இருக்கிறது. ஒரு சிக்கல்: குமிழ் இரண்டு, மூன்று மணிப் பக்கம் வரும்போது லேசான ஹம் (ரீங்காரம்). முழுவதும் குறைத்தால் இல்லை. முழுவதும் கூட்டினால் பாதிக்கும் கீழே குறைகிறது. பாட் முன் பலகையில், வால்வு பின்னால், நடுவே சாதாரண வயர் 25 சென்டிமீட்டர்.

கிரிட்லீக்:

நோயை நீங்களே சொல்லிவிட்டீர்கள். இரண்டு, மூன்று மணி என்பது லாக் பாட்டில் மைனஸ் 6 டெசிபல் இருக்கும் இடம், வைப்பர் இம்பிடன்ஸ் உச்சத்தில் இருக்கும் இடம். அங்கே 14கே, முழுவதும் கூட்டினால் வெறும் 5கே. ஹம்மும் அதே விகிதத்தில் இறங்குகிறது. அந்த 25 சென்டிமீட்டர் வயர் ஆன்டெனாவாக மின்புலத்தைப் பிடிக்கிறது. எந்த நிலையிலும் மாறாத ஹம் என்றால் பாட்டுக்குப் பின்னால் ஹீட்டரையோ (வால்வைச் சூடாக்கும் இழை) பவர் சப்ளையையோ பார்க்கச் சொல்வேன். முழு வால்யூமில் மட்டும் ஏறி, சோர்ஸைக் கழற்றி இன்புட்டை ஷார்ட் செய்ததும் நின்றால் அது சோர்ஸோடு வரும் கிரவுண்ட் லூப். உங்களுடையது இரண்டும் இல்லை.

செய்ய வேண்டியது: வைப்பர் வயர் இரண்டையும் ஷீல்டு வயராக மாற்றுங்கள். ஷீல்டை ஒரு முனையில் மட்டும், முதல் கட்டத்தின் கேத்தோடு ரெசிஸ்டர் கிரவுண்டாகும் புள்ளியில் இணையுங்கள். பாட்டின் கிரவுண்ட் கால்களும் அதே புள்ளிக்கே தனி வயரில் போகட்டும். இன்புட் சாக்கெட் வழியாகச் சுற்றி வரக் கூடாது. 6080-இன் ஹீட்டர் 2.5 ஆம்பியர் எடுக்கிறது, அந்த வயர்களை இறுக்கமாக முறுக்கி சேஸிஸின் மூலையோடு ஓட்டுங்கள், வைப்பர் வயர் குறுக்கிட்டால் செங்குத்தாக மட்டும் கடக்கட்டும். பாட்டின் உலோக உடலும் சேஸிஸைத் தொட வேண்டும். பெயின்ட் மேல் உட்கார்ந்திருந்தால் சுரண்டிவிடுங்கள். குமிழைத் தொட்டால் ஹம் மாறுகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

கையை உள்ளே விடும் முன் பிளக்கைப் பிடுங்கி, பவர் சப்ளை கெபாசிட்டர்கள் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டனவா என்று அளந்துகொள்ளுங்கள். அவற்றுக்குக் குறுக்கே 220கே, 2 வாட் ப்ளீடர் (மின்னேற்றத்தை வடிக்கும் ரெசிஸ்டர்) இல்லை என்றால் அதை இப்போதே போட்டுவிடுங்கள்.

ஏணிப்படி:

திறந்ததுதான் திறந்தீர்கள், பொருத்தத்தையும் எண்ணில் பார்த்துவிடுங்கள். இரண்டு சேனலுக்கும் ஒரே 400 ஹெர்ட்ஸ் டோன் கொடுத்து, நீங்கள் வழக்கமாகக் கேட்கும் நிலையிலும் அதற்குக் கொஞ்சம் மேலும் கீழும் வைப்பர் வோல்ட்டேஜை அளங்கள். மலிவு மல்டிமீட்டர்கள் சில கிலோஹெர்ட்ஸில் பொய் சொல்லும், அதனால்தான் 400. இடது 100 மில்லிவோல்ட், வலது 89 என்றால் 1 டெசிபல் வித்தியாசம், அது காதுக்குத் தெரியும். 94-க்கு மேல் இருந்தால் விட்டுவிடுங்கள். பாட்டை மாற்ற நேர்ந்தால் கால்களில் சால்டரிங் இரும்பை இரண்டு மூன்று நொடிக்கு மேல் வைக்காதீர்கள், சூட்டில் ரிவெட் தளர்ந்து டிராக் தொடர்பு விட்டுப்போகும். ஷாஃப்ட் உங்களைப் பார்க்க, கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்தால் இடது கால் கிரவுண்ட், நடுக்கால் வைப்பர், வலது கால் இன்புட்.