பதிப்பு விவரத்தில் எழுத்துக் குறியாக்கத்தையும் காட்ட வேண்டுமா?

கேள்வி

வணக்கம். தமிழ்ச் சொற்பட்டியல்களை அகர வரிசைப்படுத்தும் சிறு கட்டளைவரிக் கருவி ஒன்றை ஜாவாவில் எழுதிப் பராமரித்து வருகிறேன். வெளியீட்டுக் கோப்பு முழுவதும் கேள்விக்குறிகளாகவே இருப்பதாகப் பயனர் ஒருவர் எழுதினார். கருவியின் பதிப்பு, ஜாவா 17 என எல்லாம் சரியாகவே இணைத்திருந்தார். அதே பதிப்புகளில் என் கணினியில் பிழை எழவில்லை. நிரல்களைத் தனித்த சூழலில் இயக்கும் டாக்கருக்குள் அவர் அதை இயக்குகிறார் என்பதும், அங்கே மொழிச்சூழல் (மொழியையும் குறியாக்கத்தையும் தீர்மானிக்கும் அமைப்பு) எதுவும் அமைக்கப்படவில்லை என்பதும் நான்கு நாள் மடல் போக்குவரத்துக்குப் பிறகே தெரிந்தன. ஜாவா நிரல்களைக் கட்டமைக்கும் கருவியான மேவன், தன் பதிப்பு விவரத்திலேயே இயங்குதளக் குறியாக்கத்தை, அதாவது எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறையை, சொல்லிவிடுகிறது. நானும் அவ்வாறு செய்யலாமா, அல்லது பதிப்போடு சூழல் விவரத்தைக் கலப்பது முறையல்லவா?

மறுமொழி 1

தயங்காமல் சேருங்கள். பிழையைத் தெரிவிப்பவர்கள் கேட்காமலே ஒட்டி அனுப்புவது பதிப்பு விவரத்தைத்தான். அந்த டாக்கரில் மேவனை இயக்கியிருந்தால் 'ஏஎன்எஸ்ஐ_எக்ஸ்3.4-1968' என்று காட்டியிருக்கும்; அது ஆங்கில எழுத்துகளுக்கான ஆஸ்கி குறியாக்கத்தின் பழைய பெயர். அதிலுள்ள 128 குறிகளில் தமிழுக்கு இடமில்லாததால், எழுதும்போது ஒவ்வோர் எழுத்தும் கேள்விக்குறியாகிறது. மூலத்தை மீட்க வழியில்லை. விண்டோஸின் மேற்கு ஐரோப்பியக் குறியாக்கமான சிபி1252 வேறு வகையில் படுத்தும். எல்லா மொழி எழுத்துகளையும் கொள்ளும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட்டுகளான 'அ', அங்கே கோடிட்ட ஓர் ஆங்கில எழுத்தும் வணிகப் பதிவுக் குறியும் முப்புள்ளியுமாகத் தெரியும். இதை மீட்கலாம் என்று நினைப்போம். ஆனால் மெய்யெழுத்தின் புள்ளிக்குரிய கடைசி பைட்டான 8டி சிபி1252 பட்டியலில் ஒதுக்கப்படவே இல்லை. ஜாவா அதைப் படித்துத் திரும்பச் சேமித்தால் புள்ளிகள் போய்விடும்.

மறுமொழி 2

முன்னவர் கருத்தை ஏற்கிறேன். ஆனால் ஒரு வரி போதாது. 2022 மார்ச்சில் வந்த ஜாவா 18 முதல், வேறெதுவும் குறிப்பிடாதபோது ஜாவா கொள்ளும் இயல்புக் குறியாக்கம் எல்லா இயங்குதளங்களிலும் யூடிஎஃப்-8. மேவன் படிப்பது அந்த இயல்பு மதிப்பைத்தான் என்பதால், மொழிச்சூழல் அமைக்கப்படாத டாக்கரிலும் யூடிஎஃப்-8 என்றே காட்டும். அதே இடத்தில் தமிழில் பெயரிட்ட கோப்பைத் திறக்க முயன்றால் பாதை செல்லாது என்று ஜாவா மறுத்துவிடும். ஆகவே இயல்புக் குறியாக்கத்தோடு, ஜாவா 17இல் வந்த 'நேட்டிவ்.என்கோடிங்' (இயங்குதளத்தின் குறியாக்கம்), 19இல் வந்த 'எஸ்டிடிஅவுட்.என்கோடிங்' (திரை வெளியீட்டின் குறியாக்கம்) ஆகிய பண்புகளையும் தனித்தனியே காட்டுங்கள். முதல் வரியில் மட்டும் கருவியின் பெயரும் பதிப்பு எண்ணும் தவிர வேறெதுவும் வேண்டாம். நிரல்கள் எளிதில் படிப்பதற்காகவே அந்த வரி என்பது கட்டற்ற மென்பொருள் திட்டமான குனுவின் நெறிமுறை.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் நன்றி. முதல் வரியை அப்படியே விட்டு, கீழே மூன்று வரிகள் சேர்த்துவிட்டேன். 17இல் இல்லாத பண்புக்கு 'தெரியவில்லை' என்று அச்சாகும். கோப்பு எழுதும் இடத்தில் குறியாக்கத்தை வெளிப்படையாகக் குறிப்பிடாதது என் பிழையே, அதையும் திருத்தினேன். பயனர் மொழிச்சூழலை 'சி.யூடிஎஃப்-8' என அமைத்துப் பழைய பதிப்பையே மீண்டும் இயக்கினார். 'அம்மா' புள்ளியோடு வந்திருப்பதாக எழுதியிருக்கிறார்.