ஞாயிறு சாயங்காலம் ஆனால் மகளுக்கு வயிற்று வலி: மதுரையில் யாரைப் பார்ப்பது?

திருமங்கலம் அம்மா கேட்கிறார்:

மகளுக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து ஞாயிறு சாயங்காலம் ஆனாலே வயிறு வலிக்கிறது என்கிறாள். திங்கள் காலை யூனிபார்ம் போட்டதும் வாந்தி. வேன் ஹாரன் கேட்டால் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். ரத்தம், ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை. ஒரு டாக்டர், "நடிக்கிறா, ரெண்டு அடி போடுங்க" என்றார். அன்று அடித்தும் விட்டேன். ராத்திரி தூக்கத்திலும் என் முந்தானையை விடாமல் பிடித்திருந்தாள்.

ஏப்ரலில் என் மாமனார் திடீரென்று இறந்துபோனார், அவள் பள்ளியில் இருந்தபோது. இப்போது ஒரு நாளைக்கு நாற்பது தடவை, "அம்மா, மூணே முக்காலுக்கு கேட்ல நிப்பியா?" என்று கேட்கிறாள். மாமியார் பாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போய்த் திருநீறு பூசி வந்தார். நான் தடுக்கவில்லை. ஆனால் மனநல டாக்டர் என்றால் வீட்டுக்காரர் தயங்குகிறார், நாளைக்குக் கல்யாணம் பேசும்போது பேச்சு வரும் என்கிறார். ஒவ்வொரு தடவையும் ஆயிரம், ரெண்டாயிரம் கொடுக்க எங்களால் முடியாது. வழி சொல்லுங்கள்.

மேலூர் அப்பா:

சகோதரி, அவள் நடிக்கவில்லை. பயம் வந்தால் வயிறு உண்மையிலேயே வலிக்கும், வாந்தி உண்மையிலேயே வரும். என் மகன் பத்து வயதில் இரண்டு மாதம் பள்ளிக்கே போகவில்லை. அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கோரிப்பாளையத்தில் இறங்கி ஓ.பி. சீட்டு போடும்போது அந்தப் பிரிவைச் சொல்லுங்கள். கூட்டமாக இருக்கும், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.

அங்கே நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பயம் ஏறும், உச்சிக்குப் போகும், அப்புறம் தானாக இறங்கும். உச்சியில் இருக்கும்போது நாம் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டால், அது தானாக இறங்கும் என்பதைப் பிள்ளை பார்க்கவே முடியாது. தப்பித்ததால்தான் பிழைத்தோம் என்று மனதில் பதிந்துவிடும். நாற்பது தடவை "நிப்பேன், நிப்பேன்" என்று பதில் சொல்வதும் அப்படித்தான். அந்த நிமிடம் ஆறும், நாற்பத்தோராவது தடவை கேட்பாள். எங்களை ஒரு தடவை மட்டும் பதில் சொல்லச் சொன்னார்கள். அதற்குப் பிறகு, "பயமா இருக்குன்னு தெரியுது, உன்னால சமாளிக்க முடியும்னும் தெரியுது", அவ்வளவுதான். சொல்வதற்கு எளிது, முதல் வாரம் என் மனைவி அடுப்படியில் நின்று அழுதாள்.

படிப்படியாகப் போனோம். முதலில் சனிக்கிழமை, யாரும் இல்லாத பள்ளி வாசல் வரை. பிறகு திங்கள் வகுப்பறை வாசல் வரை. பிறகு முதல் பீரியட் மட்டும். முழு நாள் உட்கார ஏழு வாரம் ஆனது. பொங்கல் லீவு முடிந்ததும் மறுபடி கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். இரண்டாவது படியிலிருந்து திரும்ப ஆரம்பித்தோம், அந்தத் தடவை சீக்கிரம் ஏறினான். எங்களுக்கு மாத்திரை தேவைப்படவில்லை. உங்களுக்கு எழுதிக் கொடுத்தால் பயப்படாதீர்கள். வேலை செய்யச் சில வாரம் ஆகும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வில்லாபுரம் நர்ஸ்:

தனியாரிடம் போவதாக இருந்தால் ஒன்றைக் கேளுங்கள். பேசிச் சிகிச்சை தருகிற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்.சி.ஐ., அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும். பலகையில் கவுன்சலர் என்று மட்டும் போட்டிருந்தால் என்ன படித்தார் என்று தைரியமாகக் கேளுங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டுமானால் 14416, டெலி மானஸ். 2022-இல் தொடங்கிய அரசு மனநல உதவி எண், இலவசம், ராத்திரியும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். வீட்டுக்காரரிடம் இதையும் சொல்லுங்கள்: 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்க வேண்டும்.

உசிலம்பட்டி டீச்சர், ஓய்வு:

வகுப்பு டீச்சரிடம் பேசும்மா. அசெம்பிளிக்கு நடுவே அழுகிற பிள்ளையை இழுத்துக்கொண்டு போனால் மற்ற பிள்ளைகள் பார்ப்பார்கள், அந்தக் கூச்சமும் சேர்ந்துகொள்ளும். பத்து நிமிடம் முன்னாலேயே கொண்டுவந்து விடு. வருகைப் பதிவேட்டை ஆபீசுக்குக் கொண்டுபோகிற வேலையைக் கேட்டு வாங்கிக் கொடு. என்னிடம் படித்த ஒரு பையன் அந்தப் பதிவேட்டுக்காகவே வந்தான்.

இன்னொன்று. தாத்தா இறந்ததை அவளிடம் யார் சொன்னீர்கள்?

திருமங்கலம் அம்மா:

டீச்சரம்மா, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. அன்று பக்கத்து வீட்டு அக்கா பள்ளியிலிருந்து நேராகத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார். இவள் வரும்போது எடுத்து முடிந்துவிட்டது. "தாத்தா சாமிகிட்ட போயிட்டார்" என்று யாரோ சொன்னதோடு சரி. காலையில் பள்ளிக்குப் போனாள், சாயங்காலம் திரும்பினால் வீட்டில் ஒரு ஆள் இல்லை.

நேற்று ராத்திரி அவள் தூங்கியதும் 14416-க்குப் பேசினேன். பொறுமையாகக் கேட்டார்கள். இன்று மத்தியானம் தாத்தாவின் படத்தை எடுத்துவைத்து, நெஞ்சு வலி வந்ததிலிருந்து நடந்ததையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "தாத்தா என்னைக் கேட்டாரா?" கேட்டார். "பாப்பா வந்துட்டாளா" என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் கோரிப்பாளையம் போகிறோம். அவரும் லீவு சொல்லியிருக்கிறார்.