ஹேமாக்கில் படுத்தால் முதுகு வளைகிறது. இன்னும் இழுத்துக் கட்ட வேண்டுமா?

மாடிக்காற்று:
மொட்டைமாடியில் இரண்டு கான்கிரீட் தூண்களுக்கு நடுவே துணி ஹேமாக் கட்டியிருக்கிறேன். தூண்களுக்கு இடையே 4 மீட்டர். துணி நீளம் 2.7 மீட்டர், அகலம் 1.5 மீட்டர். கயிறு கட்டிய உயரம் தரையிலிருந்து 1.2 மீட்டர். தொய்யக்கூடாது என்று நைலான் கயிற்றை முறுக்கேற இழுத்துத்தான் கட்டினேன். ஆனாலும் வாழைப்பழம் மாதிரி வளைகிறது, தோளை இரண்டு பக்கமும் நெருக்குகிறது, விடிவதற்குள் இடுப்பு தரையில் தட்டுகிறது. என் எடை 75 கிலோ. கொசுறாக ஒரு சந்தேகம்: 'ஹேங்' ஆகிற 'மேட்' என்பதால்தான் இந்தப் பெயரா?

கயிற்றுமுடிச்சு:
இழுத்ததுதான் தப்பு. ஹேமாக் தொய்ந்து தொங்க வேண்டிய சாமான்.

ஆள் படுத்திருக்கும்போது கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 பாகைச் சரிவில் இருந்தால், ஒவ்வொரு பக்கமும் கயிற்றில் விழும் இழுவை ஏறத்தாழ உங்கள் எடை, அதாவது 75 கிலோ. அதையே 10 பாகைக்கு இழுத்துக் கட்டினால் சுமார் 215 கிலோ, 5 பாகையில் 430. தொப்பென்று உட்கார்ந்தால் இன்னும் ஏறும். ஆணி பிடுங்கிக்கொள்வதும் முடிச்சு இறுகி அவிழ்க்க முடியாமல் போவதும் இதனால்தான். இறுக்கினால் துணியின் ஓரங்களும் விறைத்து, நடுவில் குழி விழுந்து தோளை நெருக்கும்.

1.2 மீட்டர் உயரத்தில் கட்டினால் தரை தட்டாமலிருக்க இழுப்பதைத் தவிர வேறு வழியில்லை. உங்கள் அளவுக்குக் கணக்கு இதோ: தொங்கும் துணியின் இரு நுனிகளுக்கு இடையே நேர்க்கோட்டுத் தூரம் துணி நீளத்தில் 83 சதவீதம் இருக்கட்டும், அதாவது 2.25 மீட்டர். மிச்சம் பக்கத்துக்கு 88 செ.மீ. கயிறு பக்கத்துக்கு 1 மீட்டர். கட்டும் உயரம் 1.7 மீட்டர். உட்கார்ந்தால் இருக்கை 45 செ.மீ. உயரத்தில் நிற்கும், நாற்காலி உயரம்தான்.

அடுத்து, நேராகப் படுக்காதீர்கள். தலையை ஒரு பக்கம், காலை மறுபக்கம் தள்ளி, நடுக்கோட்டுக்குச் சுமார் 30 பாகை குறுக்காகப் படுங்கள். தொய்வு இருந்தால்தான் குறுக்கே படுக்க இடம் கிடைக்கும், முதுகும் கிட்டத்தட்ட நேராகும்.

நைலான் பளு தாங்கும், ஆனால் நீளும்; பனியில் நனைந்தால் இன்னும் நீளும். விடியற்காலையில் தரை தட்டுவது அதனால். பாலியெஸ்டர் பட்டை வாங்கித் தூணைச் சுற்றிக் கட்டுங்கள். தூணின் மூலை பட்டையை அறுக்கும், அங்கே சாக்கு மடித்து வையுங்கள்.

சொல்வேட்டை:
பெயர் விஷயம்: இல்லை. அது கரீபியன் தீவுகளின் டாய்னோ மக்கள் சொன்ன 'ஹமாக்கா'. ஸ்பானியம் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. டச்சுக்காரர்கள் அது புரியாமல் 'தொங்கு பாய்' என்று பொருள்படும்படி 'ஹாங்மாட்' ஆக்கினார்கள். ஜெர்மன் 'ஹெங்கெமாட்டெ'யும் அப்படித்தான். நீங்கள் கேட்ட விளக்கம் அங்கே பின்னால் ஒட்டவைத்தது.

1492 அக்டோபரில் பகாமாஸில், பருத்தி வலை போன்ற படுக்கைகளைக் கொலம்பஸ் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். மெக்சிகோவின் யுகட்டான் இன்று இதற்குப் பேர்போனது. மெரிடாவுக்குப் பக்கத்தில் டிக்ஸ்கோகோப் என்ற ஊரே ஹேமாக் பின்னும் ஊர். நட்டுவைத்த இரண்டு கம்பங்களுக்கு நடுவே நூலை ஓட்டி, முடிச்சே இல்லாமல் பின்னுவார்கள். முடிச்சு இல்லாததால் உடம்பில் உறுத்தாது, நாலாபக்கமும் இளகும். அங்கே கிட்டத்தட்ட முழுக் குறுக்காகவே படுப்பார்கள்.

கப்பல்காரர்கள் இதைக் கித்தானில் தைத்தார்கள். இங்கிலாந்துக் கடற்படை 1597இல் ஏற்றது. ஓர் ஆளுக்கு 14 அங்குல அகலம்தான் இடம். காலையில் சுருட்டிக் கட்டி மேல்தட்டு ஓரத்தில் அடுக்கினால், சண்டையில் துப்பாக்கிக் குண்டுக்குத் தடுப்பு.

நம் ஏணையோடு இதைக் குழப்பவேண்டாம். சேலையின் இரு முனையையும் சேர்த்து உத்தரத்தில் ஒரே இடத்தில் தொங்கவிடுவது ஏணை. ஹேமாக்குக்கு இரண்டு பிடிப்பு.

மாடிக்காற்று:
1.7 மீட்டரில் கட்டினேன், வளைவு போய்விட்டது. நன்றி. இரண்டு கேள்வி. மார்கழியில் முதுகுப்பக்கம் மட்டும் ஏன் குளிர்கிறது, கீழே மெத்தை விரித்தும்? இரு முனையிலும் கட்டை வைத்த மாடல் வாங்கலாமா?

கயிற்றுமுடிச்சு:
மெத்தை உங்கள் எடையில் நசுங்கிவிடுகிறது. காற்று அடைபட்டிருந்தால்தான் சூடு தங்கும். நசுங்காத ஃபோம் பாய் போடுங்கள், அல்லது ஹேமாக்குக்கு அடியில் உடம்பு அமுக்காதபடி ஒரு கம்பளியைத் தொங்கவிடுங்கள்.

கட்டை வைத்தது பார்க்க அழகு, படுக்க எனக்குப் பிடிக்காது. தட்டையாக விரிந்திருப்பதால் உங்கள் எடை தொங்கும் அச்சை ஒட்டி மேலே நிற்கிறது, புரண்டால் கவிழ்த்துவிடும். கட்டை இல்லாததில் அச்சுக்கு வெகு கீழே கிடக்கிறீர்கள், ஆடினாலும் திரும்பி வந்து நிற்கும்.

சொல்வேட்டை:
குளிருக்குப் பழைய வழி ஒன்று உண்டு. 1500இல் பிரேசில் கரையில் இறங்கிய போர்ச்சுகீசியர்களில் ஒருவரான கமின்யா அரசருக்கு எழுதிய கடிதத்தில், அங்குள்ளவர்கள் தூண்களில் வலை கட்டிப் படுத்து, அடியில் தீ மூட்டிக் குளிர்காய்ந்ததைச் சொல்கிறார். நைலான் துணிக்கு அடியில் முயல வேண்டாம்.